அக்கா தாய்வீடு வந்து நாற்பது நாள் ஆகிறது, விவாகரத்துக்கு முன்பே கோர்ட்டில் பாதுகாப்பு கேட்கலாமா?

குடியாத்தம் தம்பி

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அக்காவை ஆற்காடு பக்கம் கொடுத்து ஆறு வருடம் ஆகிறது. நாலு வயதில் பையன். மாமா டூவீலர் ஷோரூம் ஒன்றில் வேலை பார்க்கிறார். தினமும் குடிக்கிற ஆள் கிடையாது, ஆனால் குடிக்காத நாளிலும் கை நீட்டுவார் என்று எங்களுக்கு இப்போதுதான் தெரிகிறது. நாற்பது நாளைக்கு முன்னால் ராத்திரி கடைசி பஸ்ஸில் பையனைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினாள். கையில் இருந்தது அவனுடைய ஸ்கூல் பை மட்டும்தான். திறந்து பார்த்தால் ரெண்டு ஜட்டி, தண்ணீர் பாட்டில், தடுப்பூசி அட்டை. வளையல் போடுகிற இடத்தில் மணிக்கட்டு வீங்கி இருந்தது. கதவு இடித்துவிட்டது என்றாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம், அங்கேயும் கீழே விழுந்துவிட்டேன் என்றே சொல்லிவிட்டாள். ஒரு வாரம் கழித்துத்தான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

இப்போது அவள் இங்கே ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள். போன வாரம் மாமா வந்து, கம்பெனி வேன் நிற்கிற இடத்தில் அத்தனை பெண்களுக்கு நடுவில் கத்தியிருக்கிறார். பையனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார். கூடவே ஒரு வக்கீல் நோட்டீஸ்: பதினைந்து நாளில் திரும்பி வந்து சேர்ந்து வாழ வேண்டும், இல்லாவிட்டால் விவாகரத்து.

வீடு மாமியார் பெயரில். 32 சவரன் நகை மாமா பெயரில் இருக்கிற பேங்க் லாக்கரில். சான்றிதழ்கள் பீரோவில், பீரோ சாவி மாமியார் இடுப்பில். நீயாக வீட்டை விட்டுப் போனவள், உனக்கு ஒரு உரிமையும் கிடையாது என்கிறார்கள். அது உண்மையா? விவாகரத்து முடிந்தால்தான் ஜீவனாம்சம், பாதுகாப்பு எல்லாம் கிடைக்குமா? கேஸ் போட்டால் ஆற்காட்டுக்கும் ராணிப்பேட்டைக்கும் ரெண்டு பஸ் மாறி அலைய வேண்டுமா? அக்கா ஒன்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறாள், அவரை ஜெயிலில் போட வேண்டாம், எங்களை விட்டால் போதும் என்று.

பாலாற்றங்கரை

தம்பி, வயதில் பெரியவன் என்ற முறையில் சொல்கிறேன். எங்கள் வீட்டிலும் இப்படி நடந்தது. ரெண்டு பக்கத்துப் பெரியவர்களையும் உட்கார வைத்துப் பேசி முடித்தோம். கோர்ட் படி ஏறிவிட்டால் அப்புறம் ஒட்டாது. இந்தக் காலத்தில் பெண்கள் சட்டத்தைத் தப்பாகப் பயன்படுத்துவதும் நடக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு முறை பஞ்சாயத்து வைத்துப் பாருங்கள்.

காட்பாடிக்காரி

பெரியவரே, எனக்கும் மூன்று முறை பேசி அனுப்பினார்கள். மூன்றாவது முறை திரும்பிப் போனபோதுதான் முன்பல் ரெண்டு போனது. அதனால் எனக்கு இந்தப் பேச்சில் பொறுமை இல்லை, மன்னிக்கவும்.

தம்பி, உன் அக்கா கிளம்பி வந்துவிட்டாள் என்று நிம்மதியாக இருந்துவிடாதே. அவள் கையை விட்டுப் போகிறாள் என்று தெரிகிற இந்த நேரத்தில்தான் அவருக்கு வெறி ஏறும். என் வீட்டுக்காரர் கூட இருந்த எட்டு வருடத்தில் செய்யாததை எல்லாம் நான் வந்த பிறகு நாலு மாதத்தில் செய்தார். ஸ்கூல் வாசல், பால் பூத், என் தம்பியின் வேலை இடம், ஒன்றையும் விடவில்லை.

நான் முதலில் போனது போலீசுக்கு. எந்த ஸ்டேஷன் என்று சொல்லவில்லை. காலையில் போனவளை மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, குடும்பம் என்றால் நாலும் இருக்கும் என்றார்கள். பக்கத்து வீட்டு டீச்சர் சொல்லித்தான் கலெக்டர் ஆபீசில் சமூக நலத்துறைக்குப் போனேன். அங்கே பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருப்பார், குடும்ப வன்முறைச் சட்டத்துக்கு என்றே. எதிரில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்: எப்போது அடித்தார், எதனால் அடித்தார், யார் பார்த்தார்கள், சம்பளப் பணத்தை யார் வாங்கிக்கொள்வார்கள், தூங்க விடாமல் செய்தாரா. ரெண்டு மணி நேரம் ஆனது. அடி மட்டும்தான் கணக்கு என்று நினைத்திருந்தேன், கேவலமாகத் திட்டுவது, நகையை வாங்கி வைத்துக்கொள்வது, செலவுக்குக் காசு தராமல் வைப்பது எல்லாமே அந்தச் சட்டத்தில் வன்முறைதான் என்று அன்றைக்குத்தான் தெரியும்.

கோர்ட்டில் அறுபது நாளில் முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதே, எனக்கு ஒன்பது மாதம் இழுத்தது. ஆனால் இடைக்கால ஆர்டர் முதலிலேயே வந்துவிட்டது, எனக்கு அதுதான் முக்கியமாக இருந்தது. ஜெராக்ஸ் ஒன்று கைப்பையில், ஒன்று ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸிடம், ஒன்று ஸ்டேஷனில். அப்புறம் அவர் ஸ்கூல் வாசலுக்கு வந்த அன்றைக்குப் பேப்பரைக் காட்டினேன். குடும்பம் என்றால் நாலும் இருக்கும் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

இன்னொன்று. அக்காவின் போன் யார் வாங்கிக் கொடுத்தது? மெயில் ஐடி அவர் போட்டதா? என் போன் போகிற இடமெல்லாம் அவர் போனில் தெரிந்திருக்கிறது, ஆறு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். இன்றைக்கே பாஸ்வேர்ட் மாற்றச் சொல். ஆதாரில் எந்த நம்பர் இருக்கிறது என்றும் பார்.

சத்துவாச்சாரி ஜூனியர்

நான் சத்துவாச்சாரி கோர்ட்டில் பிராக்டிஸ் செய்கிறேன், சீனியரிடம் குடும்ப வழக்குகள்தான் அதிகம். இங்கே எழுதுவதை மட்டும் வைத்து முடிவு எடுக்காதீர்கள், பேப்பரோடு ஒருவரை நேரில் பாருங்கள்.

அலைச்சலைப் பற்றிக் கேட்டீர்கள். தேவையில்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, நாங்கள் டி.வி. கேஸ் என்போம். பாதிக்கப்பட்ட பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கிற ஊரிலும் மனு போடலாம் என்று அதில் 27-வது பிரிவு சொல்கிறது. அக்கா குடியாத்தத்தில் இருக்கிறார், வேலையும் அங்கே என்றால் குடியாத்தம் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே போடலாம். வாய்தாவுக்கு உங்கள் மாமாதான் பஸ் மாறி வர வேண்டும். மனுவைப் பாதுகாப்பு அலுவலர் வழியாகவும் போடலாம், நேராகவும் போடலாம். வக்கீல் ஃபீஸுக்குப் பயப்பட வேண்டாம். பெண் என்றால் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, கோர்ட் வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள், 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம்.

நீயாகப் போனாய், உரிமை போய்விட்டது என்பது சும்மா மிரட்டல். மனு போடும் நேரத்தில் அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மாமியார் பெயரில் வீடு இருந்தால் மருமகளுக்கு அங்கே இடமில்லை என்ற பழைய தீர்ப்பையும் 2020-ல் மாற்றியாகிவிட்டது. குடும்பமாக வாழ்ந்த வீடு உறவினர் பெயரில் இருந்தாலும் பகிர்ந்து வாழ்ந்த வீடுதான். அதற்காக அந்த வீடு அக்காவுக்குச் சொந்தம் என்று அர்த்தம் இல்லை, தங்கும் உரிமை மட்டும். அங்கே போகப் பயமாக இருந்தால் வேறு வீட்டுக்கு வாடகை கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம், உங்கள் விஷயத்தில் நான் அதைத்தான் கேட்பேன். கணவரை அந்த வீட்டை விட்டு வெளியேறச் சொல்லிக்கூட ஆர்டர் போட முடியும், ஆனால் மாமியாரை வெளியேற்ற முடியாது, பெண்களை அப்படி வெளியேற்ற சட்டத்திலேயே தடை இருக்கிறது.

உங்களுக்கு இப்போது அவசரம் 18-வது பிரிவு, பாதுகாப்பு உத்தரவு. அக்கா வேலை செய்கிற இடத்துக்கோ அவர் வழக்கமாகப் போய்வருகிற இடத்துக்கோ வரக்கூடாது, போன், மெசேஜ் எந்த வழியிலும் தொந்தரவு செய்யக்கூடாது, அவருக்கு உதவி செய்கிற உங்களையும் அம்மாவையும் மிரட்டக்கூடாது என்று கேளுங்கள். வேன் நிற்கிற இடத்தையும் பெயர் சொல்லி மனுவில் எழுதச் சொல்லுங்கள், அது கம்பெனி கேட் இல்லை என்று அப்புறம் வாதாடுவார்கள். லாக்கரும் இதே பிரிவில்தான் வரும்: கோர்ட் அனுமதி இல்லாமல் திறக்கக்கூடாது என்று தடை கேட்கலாம். நகை, சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுக்கச் சொல்ல 19-வது பிரிவு இருக்கிறது. பேங்க் பெயர், கிளை, தெரிந்தால் லாக்கர் நம்பர், நகை பில், கல்யாண போட்டோவில் நகை தெரிகிற படம், இதெல்லாம் தேடி எடுங்கள்.

பையனுக்கு 21-வது பிரிவு, கேஸ் நடக்கும்வரை தற்காலிகமாக அம்மாவிடமே இருக்க உத்தரவு. ஐந்து வயதுக்குக் கீழே இருக்கிற குழந்தை பொதுவாகத் தாயிடம் என்று இந்து சட்டமும் சொல்கிறது. அவர் பார்க்க வருவதை கோர்ட் முழுசாகத் தடுக்காமல் போகலாம், ஆனால் எங்கே, எப்போது என்பதை கோர்ட் முடிவு செய்யும், வேன் ஸ்டாப்பில் நின்று அவர் முடிவு செய்ய மாட்டார்.

இதெல்லாம் விசாரணை முடிகிற வரை காத்திருக்க வேண்டியதில்லை. அபாயம் இருக்கிறது என்று அஃபிடவிட்டில் காட்டினால் 23-வது பிரிவில் எதிர்த்தரப்பைக் கேட்காமலேகூட இடைக்கால உத்தரவு போடலாம். அந்த வாய்ஸ் மெசேஜ்களை அழிக்காதீர்கள், வேறு போனுக்கு ஃபார்வர்ட் செய்துவிட்டு இதை டெலீட் செய்யவும் வேண்டாம், அந்தப் போனிலேயே இருக்கட்டும். ஆஸ்பத்திரியில் விழுந்துவிட்டேன் என்று சொன்னதால் கேஸ் போய்விடாது. ஏன் அப்படிச் சொன்னார் என்பதை அவர் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி சீட்டை வாங்கி வையுங்கள், தேதி முக்கியம்.

ஜெயில் பற்றி அக்கா கேட்டது நியாயம்தான், நிறையப் பேர் இந்தப் பயத்தில்தான் வராமலே இருக்கிறார்கள். டி.வி. மனு போட்டால் கைது கிடையாது. உத்தரவு வந்த பிறகு அதை மீறினால்தான் 31-வது பிரிவில் குற்றம், ஒரு வருடம் வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். டி.வி. வேறு கேஸ், கணவரோ அவர் வீட்டாரோ செய்கிற கொடுமைக்குப் போடுகிற பழைய 498ஏ குற்ற வழக்கு வேறு கேஸ். 498ஏ இப்போது 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-வது பிரிவு. அதைப் போடுவதா வேண்டாமா என்பது அக்கா முடிவு. பெரியவர் சொன்ன தவறான பயன்பாடு பற்றி: 498ஏ-வில்கூட உடனே கைது செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே சொல்லியாகிவிட்டது.

ஜீவனாம்சத்துக்கு விவாகரத்து முடிய வேண்டியதில்லை. டி.வி. மனுவிலேயே கேட்கலாம், தனியாகவும் போடலாம். பழைய 125, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144. ரெண்டு இடத்தில் வாங்கினாலும் ஒன்றில் கிடைப்பதை மற்றதில் கழிப்பார்கள், மறைக்காமல் சொல்லிவிடுங்கள். 2020-ல் வந்த தீர்ப்புப்படி ரெண்டு பேருமே சொத்து, வருமானம், கடன் எல்லாம் அஃபிடவிட்டில் காட்ட வேண்டும், பணமும் மனு போட்ட தேதியிலிருந்து கணக்கு. அதனால்தான் சும்மா மூன்று மாதம் கடத்தாதீர்கள் என்கிறேன். அக்கா வேலைக்குப் போகிறார் என்பதால் மட்டும் மறுக்க முடியாது, சம்பளத்தை மறைக்காமல் இருந்தால் போதும்.

நோட்டீசுக்குப் பதில் கண்டிப்பாக அனுப்புங்கள். பதில் இல்லாவிட்டால் காரணமில்லாமல் பிரிந்து போனாள் என்று கதை கட்டுவார்கள்.

குடியாத்தம் தம்பி

அண்ணா, அக்கா, இருவருக்கும் நன்றி. முழுசாக அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். கைது கிடையாது என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி படி என்றாள்.

போன் விஷயத்தில் காட்பாடி அக்கா சொன்னது அப்படியே இருந்தது. மெயில் ஐடி மாமா போட்டதுதான். மாற்றிவிட்டோம்.

ஒரு சிக்கல். ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்துக்கு வரச் சொல்கிறார்கள். 20 ரூபாய் பத்திரத்தில் ரெண்டு பேரும் தீர்த்துக்கொண்டதாகவும், நகை, ஜீவனாம்சம் எதுவும் கேட்க மாட்டேன் என்றும் அக்கா கையெழுத்துப் போட்டால் பையனை அவளிடமே விட்டுவிடுகிறார்களாம். அம்மாவுக்கு ஆசையாக இருக்கிறது, பையன் கிடைத்தால் போதும் என்கிறார்.

சத்துவாச்சாரி ஜூனியர்

கையெழுத்து வேண்டாம். பையன் ஏற்கெனவே உங்களிடம்தான் இருக்கிறான், இல்லாததை அவர்கள் கொடுப்பது போலப் பேசுகிறார்கள். அப்படி ஒரு வழக்கம் உங்கள் சமூகத்தில் காலகாலமாக இருக்கிறது என்று நிரூபித்தால் ஒழிய பத்திரத்தில் எழுதிக் கல்யாணத்தை முடிக்க முடியாது. ஜீவனாம்சம் வேண்டாம் என்று எழுதியதையும் கோர்ட் அப்படியே ஏற்காது. ஆனால் அந்தக் காகிதத்தை வைத்து ரெண்டு வருடம் இழுப்பார்கள். பேசித்தான் ஆக வேண்டும் என்றால் இடைக்கால உத்தரவு கையில் வந்த பிறகு, கோர்ட் சமரச மையத்தில் பேசுங்கள்.

பாலாற்றங்கரை

பத்திரம் எழுதச் சொல்கிறார்கள் என்றால் போக வேண்டாம் தம்பி. நான் சொன்னது அந்த மாதிரிப் பஞ்சாயத்து இல்லை.

குடியாத்தம் தம்பி

சரி ஐயா. போகவில்லை. கடைசியாக ஒன்று: கல்யாணத்தைப் பதிவு செய்யவில்லை, ரேஷன் கார்டும் அவர்களிடம் இருக்கிறது. மனைவி என்று எதைக் காட்டுவது?

காட்பாடிக்காரி

பத்திரிகை, போட்டோ, பையன் பர்த் சர்டிபிகேட்டில் ரெண்டு பேர் பெயரும் இருக்கும், போதும். நானும் அதைத்தான் கொடுத்தேன். பாதுகாப்பு அலுவலரிடம் போகும்போது பையனைக் கூட்டிப் போகாதீர்கள், உட்கார நேரமாகும், அவன் எதிரில் அக்காவால் பேச முடியாது. நடுவில் அவர் எங்கேயாவது வந்து நின்றால் யோசிக்காமல் பெண்கள் உதவி எண் 181, கை நீட்டினால் போலீஸ் அவசர எண் 112.

குடியாத்தம் தம்பி

பத்திரிகை அம்மா பீரோவில் கிடைத்துவிட்டது, ஓரத்தில் தடவிய மஞ்சள்கூட அப்படியே இருக்கிறது. பையனைச் சித்தி பார்த்துக்கொள்கிறார். அக்கா கம்பெனியில் திங்கட்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டாள். முதல் பஸ்ஸில் கிளம்புகிறோம்.