உட்கார்ந்து சாப்பிட்டால் ஒரு கணக்கு, நின்று வாங்கினால் வேறு கணக்கு: அமெரிக்காவில் டிப்ஸ்

நியூஜெர்சியில் எடிசன் நகருக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, ஆபீஸ் பக்கத்துக் கடையில் ஒரு காபி வாங்கினேன், 4.50 டாலர். அந்தப் பெண் ஐபேடை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். டிப்ஸ் 18, 20, 25 சதவீதம் என்று மூன்று கட்டம். பின்னால் நாலு பேர் வரிசையில். பயந்துபோய் 25-ஐத் தொட்டுவிட்டேன். அதே வாரம் டீமோடு போய் உட்கார்ந்து சாப்பிட்ட இடத்தில், என் பங்கு பில்லுக்குக் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு எழுந்து வந்தேன். எங்கே கொடுக்க வேண்டும், எங்கே வேண்டாம்?"

தம்பி, அப்படியே தலைகீழாகச் செய்திருக்கிறீர்கள். வெட்கப்பட வேண்டாம். 2011-ல் நான் டல்லாஸ் வந்த முதல் மாதம், எங்கள் மேனேஜர் எல்லோரையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனார். தனித்தனி பில். டிப் என்று போட்டிருந்த கோட்டைப் பார்த்தேன், அது கட்டாயம் இல்லைபோலிருக்கிறது என்று காலியாக விட்டுவிட்டேன். வெளியே வந்த பிறகு மேனேஜர் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொல்லி உள்ளே போனார். கண்ணாடி அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், நான் உட்கார்ந்த இடத்தில் ஒரு நோட்டை டம்ளருக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது.

ஊரில் நமக்குப் பழகிய டிப்ஸ் வேறு. பில் வந்த தட்டில், சோம்புக்குப் பக்கத்தில், மீதிச் சில்லறையை விட்டுவிட்டு எழுந்தால் போதும். வைக்காவிட்டாலும் சர்வருக்கு மாதச் சம்பளம் இருக்கிறது. இங்கே சம்பளத்தின் பெரும்பகுதியே அந்தத் தட்டில்தான் வருகிறது. மத்திய அரசின் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009-லிருந்து அதே தொகை. ஆனால் டிப்ஸ் வாங்கும் வேலை என்றால் முதலாளி தன் கையிலிருந்து 2.13 டாலர் கொடுத்தால் போதும். இது 1991-லிருந்து ஒரு செண்ட் ஏறவில்லை. மீதி 5.12 டாலரை மேசையில் உட்காருகிறவர்கள் கொடுத்துவிடுவார்கள் என்று சட்டமே கணக்குப் போட்டுவைத்திருக்கிறது. அவ்வளவு சேராவிட்டால் முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. அதைக் கேட்டு வாங்கப்போன சர்வருக்கு அடுத்த வாரம் எந்த ஷிஃப்ட் கிடைக்கும் என்பது வேறு கதை. டெக்சாஸில் இன்றும் அந்த 2.13 தான். நியூஜெர்சியில் அதைவிட அதிகம், ஆனால் முழுக்கூலி இல்லை. கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், நெவாடா, மொன்டானா, மின்னசோட்டா, அலாஸ்கா ஆகிய ஏழு மாநிலங்களில் டிப்ஸைக் காட்டிக் கூலியைக் குறைக்க முடியாது. இதைப் படித்துவிட்டு "எங்கள் ஊரில் முழுச் சம்பளம், நான் ஏன் தர வேண்டும்?" என்று கேட்கும் கலிஃபோர்னியா, சான் ஹோசே நண்பர் எனக்கு உண்டு. அங்கேயும் பழக்கம் மாறவில்லை என்பதுதான் பதில். அவரோடு சாப்பிடப் போனால் பில்லை நான் வாங்கிக்கொள்வேன்.

இது எப்படி வந்தது என்றால், பணக்கார அமெரிக்கர்கள் ஐரோப்பாவில் பார்த்துவிட்டு வந்த பழக்கம், உள்நாட்டுப் போருக்குப் பிறகு முதலாளிகளுக்கு வசதியாகிவிட்டது. புல்மன் கம்பெனி ரயிலில் படுக்கைப் பெட்டிப் பணியாளர்களாக, அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட கறுப்பின மக்களை அமர்த்தியது. கூலி அற்பம், மீதியைப் பயணிகளிடம் வாங்கிக்கொள் என்ற ஏற்பாடு. 1909-ல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸையே தடை செய்து பார்த்தது. வேறு சில மாநிலங்களும் செய்தன. 1926-க்குள் எல்லாத் தடையும் போய்விட்டது. நம் காலத்தில் நியூயார்க்கில் பிரபல ஓட்டல் முதலாளி டேனி மேயர் 2015-ல் தன் ஓட்டல்களில் டிப்ஸை எடுத்துவிட்டு விலையிலேயே சேர்த்தார். 2020-ல் அவரும் கைவிட்டார். ஆகவே "இந்த முறையே தப்பு" என்று நாம் கொதிப்பது நியாயம்தான், ஆனால் அந்தக் கோபத்தை மணிக்கு 2.13 வாங்குகிறவரிடம் காட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை.

இப்போது வேலைக்கு வருவோம். உட்கார்ந்து, ஒருவர் வந்து ஆர்டர் எடுத்து, கொண்டுவந்து வைக்கும் இடம் என்றால் 18 முதல் 20 சதவீதம். 15 கொடுத்தால் சேவை சுமார் என்று சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள். கணக்கு வரிக்கு முந்தைய தொகைக்குத்தான். கூப்பன் இருந்தால் கழிவுக்கு முந்தைய தொகைக்கு, ஏனென்றால் அவர் சுமந்துவந்த தட்டில் பாதி குறையவில்லை. நியூஜெர்சியில் ஒரு குறுக்குவழி: விற்பனை வரி 6.625 சதவீதம், அதை மூன்றால் பெருக்கினால் ஏறக்குறைய 20. 60 டாலர் சாப்பாட்டுக்கு வரி 3.98, டிப்ஸ் 12. நியூயார்க் நகரத்தில் வரி 8.875, இரண்டால் பெருக்கினால் 18-க்குப் பக்கத்தில் வரும். ஓரிகன் போனால் விற்பனை வரியே கிடையாது, அங்கே மூளையைத்தான் உபயோகிக்க வேண்டும்.

ஆகவே மெனுவில் 60 என்று பார்த்தால் மனதில் 76 என்று படியுங்கள். அந்த 76 தாங்குமா என்று வீட்டிலேயே யோசித்துவிட்டுக் கிளம்புங்கள். தாங்காத மாதம் எல்லோருக்கும் வரும். அந்த மாதம் பார்சல் வாங்கலாம், வீட்டில் ரசம் வைக்கலாம். போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு சர்வர் பங்கில் மிச்சம் பிடிப்பது மட்டும் வேண்டாம். இன்னொன்று, டிப்ஸை ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள். 12 டாலரைப் பெருக்கினால் ஊரில் ஒரு குடும்பம் டிபன் சாப்பிடும் காசு வரும், கை நடுங்கும். உங்கள் சம்பளத்தை அப்படிப் பெருக்கும்போது மட்டும் யாருக்கும் கை நடுங்குவதில்லை.

பில் கட்டும் முறையே முதலில் குழப்பும். கார்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். ஓடிபி வராது, பின் நம்பர் கேட்க மாட்டார்கள். பதற வேண்டாம். திரும்பி வரும்போது இரண்டு சீட்டு இருக்கும். கடைக்காரர் சீட்டில் டிப்ஸ் தொகையையும் கூட்டுத்தொகையையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு மேசையிலேயே விடுங்கள், மற்றது உங்களுக்கு. போனில் முதலில் 63.98 என்று செய்தி வரும், ஓரிரு நாளில் அது 75.98 ஆகும். திருட்டு என்று வங்கிக்குப் போன் போட்டவர்கள் உண்டு. டிப்ஸை ரொக்கமாக வைத்தால் அந்தக் கோட்டில் குறுக்கே கோடு போட்டுக் கூட்டுத்தொகையை எழுதிவிடுங்கள்.

பில்லை ஒரு முறை முழுதாகப் படியுங்கள். ஆறு பேர், எட்டு பேருக்கு மேல் போனால் பல இடங்களில் 18 அல்லது 20 சதவீதத்தை அவர்களே சேர்த்துவிடுவார்கள். கிராட்யூட்டி என்று ஒரு வரி இருக்கும். (ஊரில் கிராஜுவிட்டி என்றால் வேலையை விடும்போது வருவது, இங்கே சாப்பாட்டை முடிக்கும்போது போவது.) அதற்குக் கீழேயும் டிப் கோடு இருக்கும். என் மகள் பிறந்தநாளுக்கு 14 பேர் போய், சேர்த்துப் போட்டிருந்ததைக் கவனிக்காமல் மேலே 20 சதவீதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். சர்வர் அன்றைக்கு ரொம்ப அன்பாக வாசல்வரை வந்தார், அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். சர்வீஸ் சார்ஜ் என்று போட்டிருந்தால் அது சர்வருக்குப் போகிறதா என்று கேட்டே விடுங்கள். சட்டத்தின் பார்வையில் அது கடையின் வருமானம், டிப்ஸ் ஆகாது.

நண்பர்கள் கூட்டமாகப் போகும்போதுதான் நம் மானம் அதிகம் போகிறது. ஒருவர் கார்டில் கட்டுவார், மற்றவர்கள் "என் தோசை 13" என்று 13 டாலர் நீட்டுவார்கள். வரியும் டிப்ஸும் யார் அப்பன் வீட்டுக் காசு? செலவைப் பங்குபோடும் ஸ்ப்ளிட்வைஸ் ஆப்பில் போடும்போது கடைசித் தொகையைப் போடுங்கள். கூட்டம் பெரிதானால் ஆளாளுக்குக் கார்டு நீட்டாமல், பில் பிரிக்க வேண்டும் என்று ஆர்டருக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

சேவை மோசமாக இருந்தால்? சாம்பார் ஆறிப்போய் வந்தது, அரைமணி தாமதம் என்பதெல்லாம் அடுக்களைக் கோளாறு, சர்வர் தலையில் விடியக்கூடாது. உண்மையிலேயே மரியாதைக் குறைவு என்றால் 10 சதவீதம் கொடுங்கள், மேனேஜரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பேசாமல் பூஜ்யம் போட்டால், இவர்களுக்கு வழக்கம் தெரியாது என்றுதான் நினைப்பார்களே தவிர, குறை சொன்னதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பஃபே என்றால் 10 சதவீதம் நியாயம். நாம் எடுத்துப் போட்டுக்கொண்டாலும் தட்டை எடுக்கிறார், தண்ணீர் ஊற்றுகிறார், நான்காம் முறை நான் கொண்டுவந்துவிட்டுச் சாப்பிடாமல் வைத்த ஜிலேபியைத் துடைக்கிறார்.

கவுண்டரில் நின்று வாங்கும் காபி, பார்சல், பெட்ரோல் பங்கில் குளிர்பானம், பேக்கரியில் பப்ஸ்: இங்கெல்லாம் அந்தத் திரை என்ன கேட்டாலும் "நோ டிப்" என்பதைத் தொடலாம். அந்தப் பெண் உங்களை முறைக்கவில்லை, திரை எப்போது திரும்பும் என்று காத்திருக்கிறாள். தினம் போகும் கடை, முகம் பார்த்ததும் உங்கள் காபியைப் போடுகிறார்கள் என்றால் ஒரு டாலர் ஜாடியில் போடுங்கள். எடிசனில் நம்மூர்க் கடைகள் இருக்கும் ஓக் ட்ரீ ரோட்டில் முப்பது பேருக்கு பிரியாணி ட்ரே சொல்லி, அதைக் காரில் ஏற்றியும் கொடுத்தால் ஐந்தோ பத்தோ கொடுங்கள்.

வீட்டுக்கே சாப்பாடு கொண்டுவரும் டோர்டாஷ், ஊபர் ஈட்ஸ் ஆப்கள் வேறு. டெலிவரி ஃபீ என்று போடுவது ஓட்டுகிறவர் கைக்கு அப்படியே போவதில்லை. ஆர்டரை ஏற்பதற்கு முன்பே கிடைக்கப்போகும் தொகையை அவருக்கு ஆப் காட்டும். டிப்ஸ் இல்லாத ஆர்டரைப் பலர் தொடமாட்டார்கள், உங்கள் இட்லி கடையிலேயே ஆறிக் கிடக்கும். பக்கத்தில் என்றால் 3, 4 டாலர், பனி கொட்டும் இரவில் கூடுதலாக.

முடிவெட்டினால் 15 முதல் 20 சதவீதம். த்ரெடிங் செய்யும் நம்மூர்ப் பெண்களுக்கும் இரண்டு மூன்று டாலர். "நம்ம ஆள்தானே" என்று விடாதீர்கள், அவர்களும் இங்கேதான் வாடகை கட்டுகிறார்கள். ஓட்டல் அறையைச் சுத்தம் செய்பவருக்கு ஒரு நாளைக்கு 2 முதல் 5 டாலர், தினமும் காலையில் வைக்க வேண்டும், கடைசி நாள் வருவது வேறு ஆளாக இருக்கலாம். வீடு மாற்ற வரும் ஆட்களுக்கு ஆளுக்கு 20 டாலரிலிருந்து. டாக்ஸிக்கு 15 சதவீதம். பிளம்பர், ஏசி பார்க்க வருபவருக்கு வழக்கமில்லை.

அப்பா அம்மாவை வரவழைக்கும்போது மறக்காதீர்கள்: விமான நிலையத்தில் வீல்சேர் தள்ளிக்கொண்டு வருபவர். சேவை இலவசம், சட்டப்படி விமானக் கம்பெனி அதைத் தந்தாக வேண்டும். ஆனால் இமிக்ரேஷன், பெட்டி, வாசல் என்று ஒரு மணி நேரம் உடன் இருப்பவர் அவர்தான், அவர்களில் பலர் ஒப்பந்தக் கூலிகள். அம்மா கிளம்பும் முன்பே ஐந்து டாலர் நோட்டு நாலைந்தைக் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். என் அப்பா முதல் முறை 500 ரூபாய் நோட்டைக் கொடுத்தாராம், வீல்சேர் தள்ளியவரும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாராம். அப்பாதான் இங்கே இருந்த ஆறு மாதமும் கேட்டுக்கொண்டிருந்தார்: "சமைச்சவனை விட்டுட்டு கொண்டுவந்து வெச்சவனுக்கு எதுக்குடா?" நல்ல கேள்வி. சர்வர்களுக்குக் குறைந்த கூலி கொடுக்கும் கடையில் எல்லோர் டிப்ஸையும் சேர்த்துப் பங்கிடும் பொதுப்பணத்தில் சமையல்காரரைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. முழுக்கூலி கொடுக்கும் கடையில் சேர்க்கலாம். முதலாளியும் மேனேஜரும் மட்டும் மற்றவர் டிப்ஸில் கைவைக்கவே கூடாது, 2018-லிருந்து அது சட்டத்திலேயே இருக்கிறது.

மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எஃப்-1 விசாவில் இருந்துகொண்டு, "சம்பளம் வேண்டாம், டிப்ஸ் மட்டும் எடுத்துக்கோ" என்று வெளியே ஓட்டலில் யாராவது வேலை கொடுத்தால் போகாதீர்கள். ரொக்கமாக வாங்கினாலும் அது அனுமதியில்லாத வேலைதான், விசாவுக்கே வேட்டு வைக்கும். டிப்ஸுக்கும் கணக்குக் காட்ட வேண்டும்.

கொடுக்கவே கூடாத இடமும் உண்டு. போலீஸ்காரர், ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் டிஎம்வி கவுண்டர், இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரும் டவுன்ஷிப் (உள்ளூராட்சி) ஆள்: "டீ செலவுக்கு" என்று நீட்டினால் அது லஞ்சம், கைவிலங்கு வரை போகும். தபால்காரருக்கும் ரொக்கம் கூடாது; ஒரு தடவைக்கு 20 டாலர் மதிப்புக்குள் பரிசு தரலாம், வருஷத்துக்கு 50-க்கு மேல் போகக் கூடாது. முறுக்கு டப்பா அதற்குள் அடங்கிவிடும். போன தீபாவளிக்குக் கொடுத்தோம். டிசம்பரில் காலி டப்பாவைக் கழுவி எங்கள் தபால் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போயிருந்தார்.