ஜனவரியில் 9 நாள் இலங்கை: இந்தப் பறவைப் பயணத் திட்டம் சரியா?

கோவைக்குருவி

ஜனவரி மூன்றாம் வாரம், 9 நாள், 8 இரவு. நான்கு பேர்: நான், மனைவி, தம்பி, 64 வயது அம்மா. அம்மா மெதுவாக 3 கிலோமீட்டர் நடப்பார், படி ஏறினால் முட்டி வலிக்கும். ஏஜென்ட் கொடுத்த வழி: கொழும்பு – வில்பத்து – மன்னார் – மின்னேரியா – கண்டி – நுவரெலியா – யால – மிரிஸ்ஸ – சிங்கராஜ வனம் (ஒரு பகல்) – கொழும்பு. எங்களுக்கு முக்கியம் இலங்கையில் மட்டுமே இருக்கும் பறவைகள். சிறுத்தை தெரிந்தால் சந்தோஷம். டிரைவரே கைடு என்கிறார்கள், அது போதுமா? தனியாகப் பறவை கைடு வேண்டுமா?

ஈரக்காடு

முதலில் பட்டியலைப் பாதியாகக் குறையுங்கள். இதில் நீங்கள் பறவை பார்ப்பதைவிட வேனில் உட்கார்ந்திருக்கும் நேரம்தான் அதிகம்.

எதை வெட்டுவது என்பதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கிடைப்பதற்கு இங்கே நாளைச் செலவழிக்காதீர்கள். பூநாரை, கரண்டிவாயன், உள்ளான் கூட்டம் எல்லாம் கோடியக்கரையிலும் தனுஷ்கோடியிலும் உண்டு. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி சுமார் 30 கிலோமீட்டர்தான். தவளைவாயனைத் தட்டேக்காட்டிலேயே பார்க்கலாம். மின்னேரியாவில் யானைகள் நூற்றுக்கணக்கில் கூடுவது குளம் வற்றும் ஆகஸ்ட், செப்டம்பரில். ஜனவரியில் குளம் நிரம்பிக் கிடக்கும், புல்வெளியே இருக்காது. அந்தப் படத்தைக் காட்டி ஜனவரிக்கு விற்பது தவறு.

இலங்கைக்கே உரிய பறவைகள் முப்பத்துச் சொச்சம். பெரும்பாலானவை தென்மேற்கு ஈரக்காட்டிலும் மலைநாட்டிலும் இருக்கின்றன. ஆகவே சிங்கராஜ வனம் 3 இரவு, திஸ்ஸமஹாராம (யாலவுக்குப் பக்கத்து ஊர்) 2, நுவரெலியா 2, கித்துல்கல 1. இதே வரிசையில் போனால் வட்டமாகக் கொழும்புக்குத் திரும்பிவிடலாம்.

சிங்கராஜ வனத்துக்கு ஏன் 3 இரவு? அங்கே பறவைகள் தனித்தனியாகக் கிடைப்பதில்லை, கூட்டமாக வரும். பல இனங்கள் கலந்த இரைதேடும் கூட்டம் அது. சராசரியாகப் பத்துப் பதினொரு இனம், நாற்பது பறவை. முன்னால் தவிட்டுக்குருவிகளும் கொண்டைக் கரிச்சானும் இழுத்துச் செல்ல, மற்றவை பின்தொடரும். கரிச்சான் மற்ற பறவைகளின் குரலைப் போலவே கத்திக் கூட்டம் சேர்க்கும் என்பதை அங்கே ஆய்வு செய்தே காட்டியிருக்கிறார்கள். இரண்டு மணி நேரம் காடு வெறிச்சென்று இருக்கும். அப்புறம் ஒரு பக்கம் கிசுகிசுவென்று சத்தம் எழும், பத்தே நிமிடத்தில் எல்லாம் கடந்துவிடும். ஒரு பகலில் ஒரு கூட்டம்கூடக் கண்ணில் படாமல் போகலாம், மதியம் மழையும் வரும். மூன்று காலை கையில் இருந்தால் நான்கைந்து கூட்டமாவது கிடைக்கும்.

கூட்டம் வந்ததும் எல்லோரும் செய்யும் பிழை, முதலில் தெரிந்த பறவையைப் படமெடுத்துக்கொண்டே நிற்பது. நின்ற இடத்தை விட்டு அசையாமல் கீழிருந்து மேலே பாருங்கள். அடியில் சாம்பல் தலைச் சிலம்பன், நடுவில் தவிட்டுக்குருவிகளும் தீக்காக்கையும், உச்சியில் செம்முகப் பூங்குயில். பூங்குயில் சத்தமே போடாது. கொடிப் பின்னலுக்குள் அணில் மாதிரி ஏறிப் போகும். கூட்டம் போய்விட்டது என்று நினைத்த பிறகும் இரண்டு நிமிடம் உச்சியையே பார்த்துக்கொண்டிருங்கள். (ஆங்கிலத்தில் மல்கோஹா என்கிற பெயரே சிங்களம்தான். மல் என்றால் பூ, கொஹா என்றால் குயில். நம் பூங்குயிலேதான்.)

அம்மாவுக்குச் சிங்கராஜ வனத்தின் குடாவ வாசல் பக்கம் சரி. 1970களில் பிளைவுட்டுக்காக மரம் வெட்டியபோது போட்ட பழைய வண்டிப்பாதைதான் இன்றைய நடைபாதை. அகலமானது, பெரும்பாலும் சமதளம். டிக்கெட் எடுக்கும் இடத்திலிருந்து தடுப்புக்கதவு வரை ஏற்றமும் கல்லுமாக இருக்கும், அந்தத் துண்டுக்கு ஜீப் வையுங்கள். உச்சி மலை நடைகளை விட்டுவிடுங்கள், பறவைக்கு அவை தேவையில்லை.

மலைநாட்டான்

நுவரெலியா பற்றி. அங்கே இரண்டு இரவு வேண்டும் என்பதற்குக் காரணம் ஒரே ஒரு விடியற்காலை. இலங்கைச் சீகாரப் பூங்குருவி பக்கத்திலுள்ள ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவில் ஓடைக்கரைப் புதரிலிருந்து வெளிச்சம் வரும் நேரத்தில் வெளியே வரும், வெயில் ஏறியதும் உள்ளே போய்விடும். அரெங்கா குளம் என்பதுதான் பேர்போன இடம். பட்டிப்பொல வாசலில் கதவு திறக்கும்போது முதல் வண்டியாக நிற்க வேண்டும் என்றால் நுவரெலியாவிலிருந்து 4.45க்குக் கிளம்ப வேண்டும். காலைச் சாப்பாட்டை ஹோட்டலில் முதல் நாளே கட்டித் தரச் சொல்லுங்கள். ஜனவரியில் புல்லில் உறைபனி விழும் நாளும் உண்டு, எனவே குல்லா, கையுறை, காற்றுப் புகாத ஜாக்கெட். பிளாஸ்டிக் பைகளை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள், துணிப்பை கொண்டு போங்கள்.

ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு (வேர்ல்ட்ஸ் எண்ட்) என்கிற மலை விளிம்பு வரை போய்வரும் சுற்று 9 கிலோமீட்டர். அம்மா அதற்குப் போக வேண்டாம். மங்கிய நீல ஈப்பிடிப்பான், மஞ்சள் காதுச் சின்னான், இலங்கை வெள்ளைக்கண்ணி மூன்றும் சாலையோரத்திலேயே வரும். இலங்கைக் காட்டுப்புறாவுக்குப் பழம் பிடித்த மரம் எங்கே என்று கைடுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மாலை 4.30க்கு நகரத்திலுள்ள விக்டோரியா பூங்கா. பின்பக்கம் குப்பையும் அழுக்குத் தண்ணீருமாக இருக்கும் ஓடைதான் நல்ல இடம், மூக்கைப் பொத்திக்கொண்டு நில்லுங்கள். கறுப்பு வெள்ளைப் பூங்குருவி இருட்டுவதற்கு முன்னால் அங்கே வரும். ஆறுமணிக்குருவியும் காஷ்மீர் ஈப்பிடிப்பானும் அங்கே உண்டு.

திரும்பும்போது கவனம்: டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். வெள்ளி, சனி, போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களில் ஹட்டன் – கினிகத்தேனை சாலையில் வண்டி நகராது. கித்துல்கல போகும் நாளை வாரநாளாக வையுங்கள். பொங்கல் இலங்கையிலும் அரச விடுமுறை, அதையொட்டிய நாட்களில் யாலவில் ஜீப் வரிசை நீளும்.

கோவைக்குருவி

மிக்க நன்றி. திட்டத்தை மாற்றிவிட்டோம். கித்துல்கலவில் செரண்டிப் ஸ்கோப்ஸ் என்கிற சின்னச் செம்பழுப்பு ஆந்தையைப் பார்க்க அம்மாவால் முடியுமா? அட்டைக்கடிக்கு என்ன செய்வது? தம்பியிடம் 100-400 லென்ஸ் இருக்கிறது.

பச்சை அலகு

ஆந்தைக்கு அம்மா வருவது கஷ்டம். செரண்டிப் ஸ்கோப்ஸ் ஆந்தையின் குரலை 1995இல்தான் கேட்டார்கள். பறவை ஆய்வாளர் தீபால் வரக்காகொட 2001இல் நேரில் கண்டு, 2004இல் புது இனமாக அறிவித்தார்கள். 1868இல் அந்தச் சீகாரப் பூங்குருவி கிடைத்த பிறகு இலங்கையில் கண்டுபிடித்த முதல் புது இனம். பகலில் ஆள் உயரத்துக்கும் கீழே, ஈரப் புதருக்குள் காய்ந்த இலை போல உட்கார்ந்திருக்கும். உள்ளூர் ஆள் விடியற்காலையில் தேடி இடத்தைப் பார்த்து வைத்தால்தான் காட்ட முடியும், அந்த இடம் பெரும்பாலும் வழுக்குச் சரிவாகவே இருக்கும். களனி ஆற்றைக் கடந்துதான் காட்டுக்குப் போக வேண்டும். ஆந்தை தெரிந்ததும் ஒருவர் பின் ஒருவராக வந்து, அரை நிமிடம் பார்த்து, பின்வாங்குங்கள். பிளாஷ் கூடாது. குரலைப் போனில் ஒலிக்கவிட்டு வரவழைக்கும் கைடானால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதே ஆந்தையை அதே வாரத்தில் இன்னும் பத்துக் குழுக்கள் கூப்பிடும், அது இரையையும் இணையையும் விட்டுவிட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்.

அட்டைக்கு முழங்கால் வரை வரும் நெருக்க நெசவுத் துணி உறை, லீச் சாக்ஸ் என்றே கேளுங்கள். பேன்ட்டின் மேல் போட்டு மேலே நாடா கட்ட வேண்டும், பேன்ட்டுக்குள் போட்டால் பயனில்லை. சாதாரணக் கம்பளிச் சாக்ஸை அட்டை துளைத்துக் கடிக்கும். உறையின் மேல் டெட்டால் அல்லது ஈரச் சோப்பைத் தேயுங்கள், மழையில் கழுவிப் போகும், மறுபடி தேயுங்கள். கடித்துவிட்டால் பிய்க்காதீர்கள். மெல்லிய முனைப் பக்கம் நகத்தை வைத்துத் தோலோடு ஒட்டித் தள்ளினால் பிடி விடும். உறையாமல் தடுக்கும் பொருளை அது விட்டுச் செல்வதால் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ரத்தம் கசியலாம். பஞ்சை வைத்து அழுத்திப் பிளாஸ்திரி ஒட்டினால் போதும். அம்மா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் மட்டும் முன்பே டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

லென்ஸ் சரி. காட்டுக்குள் காலை 8 மணிக்கும் இருட்டு. ஐஎஸ்ஓ 3200–6400, ஷட்டர் 1/125, ஒற்றைக்கால் ஸ்டாண்ட். மூன்றுகால் ஸ்டாண்டை விரிப்பதற்குள் கூட்டம் போய்விடும். உச்சியில் வெள்ளை வானம் பின்னால் இருந்தால் எக்ஸ்போஷரை +1 முதல் +1.7 வரை ஏற்றுங்கள், இல்லாவிட்டால் பூங்குயிலின் சிவப்பு முகம் கறுப்பாகத்தான் விழும். ஏசி அறையில் கேமராவை வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் கண்ணாடிக்குள் பனி பிடித்து அரை மணி நேரம் வீணாகும். பைனாகுலர் 8x42 ஆளுக்கு ஒன்று. நால்வருக்கு இரண்டு என்றால் பத்து நிமிடக் கூட்டத்தில் இருவர் ஒன்றுமே பார்க்க மாட்டார்கள்.

மன்னார்க்கரை

மன்னாரை வெட்டியது இந்தத் திட்டத்துக்குச் சரிதான், ஆனால் மன்னாரில் ஒன்றுமில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நவம்பரிலிருந்து மார்ச் வரை வங்காலைச் சரணாலயத்தையும் தரைப்பாலத்தையும் பார்க்க ஒரு முழுநாள் தனியாக வேண்டும். காலை 9க்குப் பிறகு கானல் எழும்பினால் டெலஸ்கோப்பில் ஒன்றும் தெளியாது. யாழ்ப்பாணம் வழியாக வருகிறவர்கள் அதை வேறொரு பயணமாக வைத்துக்கொள்ளுங்கோ.

ஈரக்காடு

கைடு கேள்வி விடுபட்டுப் போனது. சாரதி கைடு (டிரைவரே கைடு) என்பது சுற்றுலா அதிகார சபை தரும் ஓர் உரிம வகை. அவர் வழி தெரிந்தவர், பறவைக் குரல் தெரிந்தவர் என்று அர்த்தமில்லை. சிங்கராஜ வனத்தில் உள்ளூர் கைடு எப்படியும் கட்டாயம், அந்தக் கட்டணத்தையே பறவை கைடு என்று பில்லில் எழுதுகிறார்களா என்று பாருங்கள். ஏஜென்ட்டிடம் கேளுங்கள்: முழுப் பயணத்துக்கும் கூட வருபவர் யார், பச்சை அலகுச் செண்பகத்தையும் சாதாரணச் செண்பகத்தையும் குரலில் பிரித்துச் சொல்வாரா, விடிவதற்கு முன் கிளம்பச் சம்மதமா, ஜீப்பில் எத்தனை பேர். யாலவில் நால்வருக்கு ஒரு ஜீப், வேறு ஆட்களைச் சேர்க்கக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். ஜனவரியில் எங்கும் தண்ணீர் இருப்பதால் சிறுத்தை குளத்தடிக்கு வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. அரைநாளை விட முழுநாள் நல்லது. இலங்கைக் காட்டுக்கோழி அங்கே சாலையிலேயே மேயும்.

பூங்காக் கட்டணம், ஜீப், வரி எல்லாம் தொகையில் அடங்குமா என்றும் கேளுங்கள். வனஜீவராசிகள் திணைக்களப் பூங்காக்களில் சார்க் நாட்டவருக்கு (இந்தியரும் அதில் சேர்த்தி) தனிக் கட்டணம் உண்டு, ஆகவே அசல் பாஸ்போர்ட்டை அம்மாவுடையது உட்பட ஜீப்பிலேயே கையில் வைத்திருங்கள், ஹோட்டல் லாக்கரில் வேண்டாம்.