குடும்பக் குழுவில் ஒரு சனிக்கிழமை: பீர் ஆலைக்குப் போன ரகுவும் கவிதாவும்

ரகு: [புகைப்படம்] வந்து சேர்ந்துவிட்டோம். பழைய கிடங்கு ஒன்றைப் பீர் ஆலையாக மாற்றியிருக்கிறார்கள். முன்பாதியில் மேசைகள், பின்பாதியில் எஃகுத் தொட்டிகள், நடுவே இடுப்பளவுத் தடுப்பு. வேலை நடப்பதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம்.

சரோஜா அத்தை: மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. அதற்குள்ளா?

கண்ணன் மாமா: எது அதிகச் சதவீதம் என்று முதலில் கேள். அதை வாங்கு. மற்றதெல்லாம் வெறும் பேச்சு.

கவிதா: வண்டி ஓட்டுவது நான், அத்தை. குடிக்கப்போவது அவர் மட்டும்தான்.

சரோஜா அத்தை: நல்லது. அப்படியென்றால் எங்களுக்கு உண்மையைச் சொல்லப்போவதும் நீ ஒருத்திதான்.

ரகு: [புகைப்படம்] முழுக் கோப்பை வாங்கவில்லை. மரத்தட்டில் குழி வைத்து நான்கு சிறு கோப்பைகளாகத் தருகிறார்கள். லாகர் (குளிரில் நிதானமாக முதிரவைப்பது), கோதுமை பீர், ஐபிஏ (கசப்பு மிகுந்தது), ஸ்டவுட் (கருப்பு பீர்). ஊற்றித் தந்த பெண் இதே வரிசையில்தான் குடிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கசப்பு மிகுந்ததை முதலில் குடித்தால் லாகர் வெறும் தண்ணீராகத் தெரியுமாம்.

கண்ணன் மாமா: கடைசியில் இருக்கும் கருப்புதானே ஆளைச் சாய்ப்பது? அதிலிருந்து தொடங்கு.

தீபா: நிறத்துக்கும் போதைக்கும் தொடர்பே இல்லை, மாமா. அயர்லாந்தின் கின்னஸ் ஸ்டவுட் அவ்வளவு கருப்பு. ஆல்கஹால் சுமார் 4.2 சதவீதம்தான். பெல்ஜியத்தின் டூவெல் வெளிர் பொன்னிறம், அதில் 8.5.

ரகு: இங்கே பலகையும் அதையேதான் சொல்கிறது. ஸ்டவுட் 4.5, ஐபிஏ 6.8.

கண்ணன் மாமா: இத்தனை காலம் என்னை யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள்.

முரளி சித்தப்பா: யாரும் ஏமாற்றவில்லை, அத்தான். நிறம் வறுப்பிலிருந்து வருகிறது. பார்லியை ஊறவைத்து முளைவிடச் செய்து, சூட்டில் உலர்த்தினால் அதுதான் மால்ட். இலேசாக உலர்த்தினால் பொன்னிறம். நன்றாக வறுத்தால் கருப்பு. ஸ்டவுட்டில்கூடப் பெரும்பகுதி வெளிர் மால்ட்தான். வறுத்த தானியம் நிறத்துக்கும் காபி போன்ற கசப்புக்கும் ஒரு சிறு பங்கு சேர்ப்பார்கள், அவ்வளவே.

சரோஜா அத்தை: முளைகட்டுவானேன்? நேராக வேகவைத்தால் ஆகாதா?

முரளி சித்தப்பா: கேட்டாயே, அக்கா, அதுதான் கேள்வி. விதை முளைக்கும்போதுதான் மாவுப்பொருளை உடைக்கும் நொதிகள் அதற்குள் பெருகுகின்றன. வேர் எட்டிப்பார்த்ததும் உலர்த்தி நிறுத்திவிட வேண்டும். விட்டால் அந்த மாவை நாற்றே தின்று வளர்ந்துவிடும். பிறகு அதை நொறுக்கி ஏறத்தாழ 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தால், உறங்கிக்கிடந்த நொதிகள் மாவைச் சர்க்கரையாக மாற்றும். அந்தச் சர்க்கரையைத் தின்றுதான் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் ஆல்கஹாலை உண்டாக்கும்.

தீபா: சித்தப்பா பணி ஓய்வு பெற்றும் வகுப்பு முடியவில்லை.

கவிதா: அந்தத் தொட்டியின் பக்கத்தில்தான் இப்போது நிற்கிறேன்! ஆலைக்காரர் மூடியைத் தூக்கிக் காட்டினார். ஆவி மூக்குக்கண்ணாடி முழுவதும் படிந்துவிட்டது. மேலே உமி அடையாகப் படர்ந்திருக்கிறது, ஓரமெல்லாம் வெளிறிய நுரை. அடியில் குழாயைத் திறந்து சிறு கரண்டியில் சாறு பிடித்துக் கொடுத்தார். இன்னும் ஈஸ்ட் சேர்க்காததால் இதில் ஆல்கஹால் கிடையாது, வண்டி ஓட்டுபவரும் தாராளமாகச் சுவைக்கலாம் என்றார். கஞ்சியில் தேனைக் கரைத்ததுபோல இருந்தது, நாக்கில் ஒட்டும் இனிப்பு.

சரோஜா அத்தை: இவ்வளவு இனிப்பானது எப்படிக் கசப்பாகிறது?

கவிதா: அதையும் கேட்டுவிட்டேன். சாற்றை ஒரு மணி நேரம் கொதிக்கவைக்கிறார்கள். அப்போது ஹாப்ஸ் என்ற கொடியின் பூக்கொத்துகளைப் போடுகிறார்கள். ஒன்றைக் கையில் தந்து கசக்கச் சொன்னார். காகிதம்போல் சலசலக்கும் பச்சை இதழ்கள். பிரித்தால் அடியில் மஞ்சள் தூள் பிசுபிசுவென்று விரலில் ஒட்டுகிறது. எலுமிச்சைத் தோலும் பைன் மரப்பிசினும் கலந்த மணம். கை கழுவியும் போகவில்லை.

ரகு: கொதியின் தொடக்கத்தில் போட்டால் கசப்பு, முடியும் தறுவாயில் போட்டால் மணம். ஐபிஏவுக்கு ஆறிய பிறகும் ஒருமுறை போடுகிறார்கள்.

முரளி சித்தப்பா: கசப்பு ருசிக்காக மட்டும் வந்ததல்ல. ஹாப்ஸ் பல பாக்டீரியாக்களைத் தடுக்கும். பானம் கெடாமலிருக்க அது உதவும் என்பதை 12-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானியத் துறவி பிங்கன் ஹில்டகார்ட் எழுதிவைத்திருக்கிறார்.

கண்ணன் மாமா: ரகு, முதல் படத்தில் அந்த நுரையைப் பார்த்தாயா? கோப்பையில் கால்வாசி நுரை! நிரப்பித் தரச் சொல்.

ரகு: நுரை வேண்டும், மாமா. மணத்தைப் பிடித்துவைப்பதே அதுதான். நுரையே வராதபடி சாய்த்து ஊற்றினால் வாயு முழுவதும் உள்ளேயே தங்கிவிடும். பிறகு வயிறு உப்பும்.

சரோஜா அத்தை: அதனால்தானா!!

தீபா: 😂😂

ரகு: இன்னொன்றும் சொல்லித்தந்தார்கள். கோப்பையின் உட்பக்கத்தில் குமிழிகள் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தால் சரியாகக் கழுவவில்லை என்று பொருள். இங்கே குமிழிகள் ஒட்டவில்லை, நேராக மேலே ஏறுகின்றன. குடிக்கக் குடிக்க நுரை வளையம் வளையமாகக் கண்ணாடியில் தங்குகிறது. ஆனால் தொட்டுக்கொள்ளத் தந்த வறுத்த மீன் துண்டைத் தின்றுவிட்டு அதே உதட்டோடு குடித்தேன், உதடு பட்ட இடத்தில் நுரை சட்டென்று அமுங்கிவிட்டது. எண்ணெய்க்கும் நுரைக்கும் ஆகாது.

சரோஜா அத்தை: மீன் என்றதும் நினைவுக்கு வருகிறது. பீர் சைவம்தானே?

தீபா: எல்லாம் இல்லை, அத்தை. தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் என்ற பொருளைச் சிலர் சேர்ப்பார்கள். பிரிட்டனில் பீப்பாயிலிருந்து ஊற்றும் ஏல் (லாகர்போல் நாள்கணக்கில் குளிரில் வைக்காத பீர்) வகைகளில் அது பழைய வழக்கம். கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கவிதா: கேட்டேன். இங்கே சேர்ப்பதில்லையாம். உறைநிலைக்கு அருகே குளிரவைத்துக் காத்திருந்தால் ஈஸ்ட் தானாகவே அடியில் படிந்துவிடுகிறது என்கிறார். கோதுமை பீரை வேண்டுமென்றே கலங்கலாக விடுகிறார்கள்.

முரளி சித்தப்பா: லாகர் எப்படி, ரகு?

ரகு: உண்மையைச் சொன்னால் நான்கில் அதுதான் முதலிடம். மற்றவர்கள் ஐபிஏவைப் பார்த்து வாய்பிளக்கிறார்கள். என்னைக் கேட்டால் ஒரு பீர் ஆலையின் கைத்திறனை லாகரை வைத்துத்தான் அளக்க வேண்டும். ஹாப்ஸை அள்ளிப் போட்டும் வறுத்த மால்ட்டைக் கொட்டியும் பிழையை மறைக்கலாம். லாகரில் ஒளிவதற்கு இடமில்லை. சாதாரண ஏல் இரண்டு மூன்று வாரங்களில் தயார். லாகர் குளிரில் பல வாரங்கள் கிடக்க வேண்டும், அதுவரை அந்தத் தொட்டியில் வேறெதையும் ஊற்ற முடியாது. இவ்வளவு சிறிய ஆலை அந்தப் பொறுமையைக் காட்டியிருப்பதே பெரிது.

முரளி சித்தப்பா: இந்த வெளிர் லாகரின் கதையே ஊராரின் கோபத்தில் தொடங்கியது. பொஹீமியாவின் (இன்றைய செக் நாடு) பில்சன் நகரில் 1838-இல், பீர் தரமில்லை என்று 36 பீப்பாய்களை நகரமன்றத்தின் முன்னாலேயே தெருவில் கொட்டினார்கள். பிறகு பீர் காய்ச்சும் உரிமை பெற்ற குடிமக்கள் ஒன்றுசேர்ந்து புது ஆலை கட்டி, பவேரியாவிலிருந்து ஜோசப் குரோல் என்பவரை அழைத்துவந்தார்கள். அவர் 1842-இல் காய்ச்சியதுதான் முதல் பில்சனர். இன்று உலகம் குடிக்கும் வெளிர் லாகர்களில் பெரும்பாலானவை அதன் வழித்தோன்றல்கள்.

கண்ணன் மாமா: 36 பீப்பாய்களா! தெருவிலா! என்ன ஊர் அது?

தீபா: மாமாவுக்கு நெஞ்சு பதறுகிறது.

முரளி சித்தப்பா: இதையும் கேளுங்கள். நாம் பாடத்தில் படித்த, அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு பிறந்ததே ஒரு பீர் நிறுவனத்தின் ஆய்வகத்தில். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் 1909-இல் வகுத்தார். அதே ஆய்வகத்தில்தான் எமில் ஹான்சன் 1883-இல் ஒரே ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பை உருவாக்கினார். அதை மூடிவைக்காமல் மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தார்கள்.

தீபா: என் துறையை விட்டுவிட்டீர்களே! புள்ளியியலில் நான் நடத்தும் டி-சோதனை கின்னஸ் ஆலையின் வில்லியம் கோசெட் கண்டுபிடித்தது. சொந்தப் பெயரில் வெளியிட நிறுவனம் விடாததால் 1908-இல் 'மாணவர்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். சில மாதிரிகளை மட்டும் வைத்துப் பார்லியின் தரத்தை எப்படி நம்புவது என்பதுதான் அங்கே அவர்களுக்கிருந்த சிக்கல்.

சரோஜா அத்தை: பீர் இவ்வளவு அறிவைத் தருமா? இங்கே ஒருவர் இத்தனை ஆண்டுகளாகக் குடிக்கிறார், மின்கட்டணத்தைக் கணக்குப் பார்க்கக்கூட வரவில்லையே.

கண்ணன் மாமா: சரோஜா, இது பொதுக்குழு.

சரோஜா அத்தை: தெரியும்.

கவிதா: [புகைப்படம்] சாப்பாடு வந்துவிட்டது. வரத்தான் நேரமாயிற்று, சமையலறையில் இரண்டே பேர். மீன், உருளைக்கிழங்கு வறுவல், பாலாடைக்கட்டிக் குழம்போடு பிரெட்சல் என்ற முறுக்கிய ரொட்டி, எனக்குக் காளான் பர்கர்.

சரோஜா அத்தை: ருசியைச் சொல். அவனைக் கேட்டால் எல்லாம் அருமை என்பான்.

கவிதா: மீன் முதல் தரம். மாவைத் தண்ணீருக்குப் பதிலாகக் குளிர்ந்த லாகரில் கரைத்திருக்கிறார்கள். வாயுக் குமிழிகளால் மேலோடு பொரபொரவென்று உடைகிறது, எண்ணெய் குடிக்கவில்லை. ஆனால் சுடச்சுட அந்த மீனைக் கொண்டுவந்து வறுவலின் மேல் படுக்கவைத்துவிட்டார்கள். ஆவியில் அடியிலிருந்த வறுவல் எல்லாம் துவண்டுபோய்விட்டது. தனித்தட்டில் வைத்திருக்கலாம். பிரெட்சல் நன்றாக இருக்கிறது. பர்கர் சுமார். ரொட்டி மட்டும் தனிச் சுவை. சாறு வடித்தபின் மிஞ்சும் தானியச் சக்கையை உலர்த்திப் பொடித்து மாவில் கலக்கிறார்களாம்.

சரோஜா அத்தை: சக்கை முழுவதையும் ரொட்டியிலா போடுவார்கள்?

கவிதா: இல்லை, பெரும்பகுதி பக்கத்து மாட்டுப்பண்ணைக்குப் போகிறது. ஈரத்தோடு வைத்தால் சீக்கிரம் புளித்துவிடும் என்பதால் அன்றன்றே வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகுமாம்.

ரகு: காரக் கோழி வேண்டுமென்று கேட்டு வாங்கினேன். அதோடு ஐபிஏ குடித்தால் வாய் எரிகிறது!

தீபா: எரியத்தான் செய்யும், அண்ணா. கசப்பும் ஆல்கஹாலும் மிளகாய்க் காரத்தைத் தூண்டிவிடும். காரத்துக்குக் கோதுமை பீரைக் குடித்துப் பார். ஐபிஏவுக்குப் பாலாடைக்கட்டி நன்றாகப் பொருந்தும்.

ரகு: சரியாகச் சொன்னாய், இப்போது தணிந்திருக்கிறது. ஸ்டவுட்டைச் சாக்லேட் கேக்குக்காக வைத்திருக்கிறேன்.

தீபா: அண்ணி, என் தோழி ஒருத்திக்குக் குளூட்டன் ஆகாது. அவளை அழைத்துவரலாமா?

கவிதா: பார்லியிலும் கோதுமையிலும் குளூட்டன் என்ற அந்தப் புரதம் உண்டு, ஆகவே இங்கே உள்ள பீர் எதுவும் ஆகாது. சோளம், சிறுதானியம் ஆகியவற்றில் காய்ச்சும் பீர் இவர்களிடம் இல்லை. சமையலறையிலும் எல்லாம் ஒரே எண்ணெயில்தான் பொரிகிறது. ஆப்பிள் சைடர் மட்டும் குடிக்கலாம்.

சரோஜா அத்தை: என்னைப் போன்றவர்களுக்கு என்ன இருக்கிறது?

கவிதா: இஞ்சிப் பானம் இவர்களே தயாரிக்கிறார்கள், நல்ல உறைப்பு. மதுவில்லாத பீரும் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் வருவதில் பல நாடுகளில் 0.5 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கலாம் என்பதால், உங்களுக்கு இஞ்சிப் பானம்தான்.

கண்ணன் மாமா: ரகு, இரண்டு மணி நேரம் ஆகிவிட்டதே. ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பும்போது நீ ஓட்டு. பாவம், கவிதாவும் ஒரு கோப்பை குடிக்கட்டும்.

முரளி சித்தப்பா: வேண்டாம், அத்தான். காபி தூக்கத்தைக் கலைக்கும், இரத்தத்திலிருக்கும் ஆல்கஹாலைக் கரைக்காது. கல்லீரல் தன் வேகத்தில்தான் அதை வெளியேற்றும். குளிர்ந்த நீரில் குளித்தாலும் அந்த வேகம் கூடாது.

கவிதா: நானே ஓட்டுகிறேன், மாமா. எனக்கு விருப்பமானதைக் கேனில் அடைத்துத் தருகிறார்கள், வீட்டில் நிதானமாகக் குடிப்பேன்.

கண்ணன் மாமா: எனக்கும் வாங்கிவாருங்கள்! பாட்டிலில் வேண்டும். கேனில் தகர வாடை வரும்.

ரகு: வராது, மாமா. உட்புறம் பூச்சு இருக்கிறது, பீர் உலோகத்தைத் தொடுவதில்லை. பாட்டிலைவிடக் கேன்தான் பாதுகாப்பு. வெயில் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து துர்நாற்றம் வந்துவிடும். பழுப்புக் கண்ணாடி ஓரளவு தடுக்கும், பச்சையும் வெள்ளையும் அவ்வளவாகத் தடுக்காது. கேனில் வெளிச்சமே புகாது. ஐபிஏவைப் பத்திரப்படுத்தி வைக்காதீர்கள், நாளாக ஆக மணம்தான் முதலில் போகும்.

சரோஜா அத்தை: அவர் பத்திரப்படுத்துவார் என்ற கவலையே உனக்கு வேண்டாம்.

கண்ணன் மாமா: அடுத்த சனிக்கிழமை நாம் எல்லோரும் போகிறோம். முடிவு செய்துவிட்டேன்.

சரோஜா அத்தை: நானும் வருகிறேன். அந்தத் தொட்டியையும் சாற்றையும் பார்க்க வேண்டும். வண்டியை முரளி ஓட்டட்டும். வழியெல்லாம் பாடம் நடத்திக்கொண்டே வருவான்.

முரளி சித்தப்பா: ஓட்டுகிறேன், அக்கா. இஞ்சிப் பானம் எனக்கும் போதும்.

கவிதா: ஆலையைச் சுற்றிப்பார்க்க முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். காய்ச்சும் நாளா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வெறும் தொட்டிகளைத்தான் பார்ப்பீர்கள். கால் முழுவதும் மூடிய ஷூ கட்டாயம். தரையெல்லாம் ஈரம், கொதிநீர்க் குழாய்களும் ஓடுகின்றன.

கண்ணன் மாமா: செருப்பு போதாதா?

கவிதா: உள்ளே விடமாட்டார்கள், மாமா.

சரோஜா அத்தை: அவருடைய ஷூ பரணில் கிடக்கிறது. நாளைக்கே எடுத்துத் துடைத்துவைக்கிறேன்.