களப்பணி இடத்திலிருந்து நீக்கப்பட்ட மாணவர் விஷயத்தில் துறை என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: புதிய ஒருங்கிணைப்பாளர்

வணக்கம். சமூகப்பணி முதுகலைத் துறையொன்றில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பொறுப்பை இந்தக் கல்வியாண்டில்தான் ஏற்றேன். மனநல மறுவாழ்வு நிறுவனம் ஒன்றில் களப்பணி செய்துவந்த இரண்டாமாண்டு மாணவி ஒருவரை அந்நிறுவனம் பருவத்தின் நடுவிலேயே திருப்பி அனுப்பிவிட்டது. (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வந்த கடிதத்தில் இரண்டே வரிகள்: "மாணவியின் அணுகுமுறை எங்கள் பணிச்சூழலுக்கு ஏற்றதாக இல்லை. வரும் திங்கட்கிழமை முதல் அவரை அனுப்ப வேண்டாம்."

தொலைபேசியில் விசாரித்த பிறகே விவரம் தெரிந்தது. பயனாளி ஒருவருக்கு அவர் தம் சொந்தக் கைபேசி எண்ணைக் கொடுத்திருக்கிறார். இரவில் வந்த செய்திகளுக்கும் பதில் அனுப்பிவந்திருக்கிறார். எண்ணைக் கொடுக்கக் கூடாது என்று யாரும் தம்மிடம் சொல்லவில்லை என்றும், வாராந்திர மேற்பார்வைக் கலந்துரையாடல் பெரும்பாலும் தாழ்வாரத்தில் நின்றபடியே ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்றும் மாணவி சொல்கிறார்.

துறைக்குள் இரண்டு கருத்துகள் இருக்கின்றன. நிறுவனமே வேண்டாம் என்று சொல்லிவிட்டபடியால் தோல்வி என்று பதிந்துவிட வேண்டும் என்பது ஒன்று. பருவம் வீணாவதற்குள் சத்தமில்லாமல் வேறோர் இடத்தில் சேர்த்துவிடலாம் என்பது மற்றொன்று. எங்கள் கையேட்டில் "களப்பணியில் தேர்ச்சி பெறாதவர் மீண்டும் செய்ய வேண்டும்" என்பதற்கு மேல் ஒரு வரியும் கிடையாது. நிறுவனம் நீக்கியதையே தோல்வியாகக் கொள்ளலாமா? இதுவரை முடித்த மணி நேரம் கணக்கில் வருமா? அடுத்த நிறுவனத்திடம் எவ்வளவு சொல்ல வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: முன்னாள் துறைத்தலைவர்

உங்கள் துறையின் இரு தரப்பினரும், நிறுவனம் எடுத்துவிட்ட முடிவையும் துறை இனி எடுக்க வேண்டிய முடிவையும் ஒன்றாகவே பார்க்கிறார்கள் என்று தோன்றுகிறது. தன்னிடம் யார் பணிபுரியலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. பயனாளிகளின் நலன் கருதி ஒரே நாளில் அப்படி முடிவெடுத்தாலும் அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் மாணவி தேறினாரா, படிப்பைத் தொடரத் தக்கவரா என்பதைத் துறைதான் ஆராய்ந்து சொல்ல வேண்டும். அதற்கு நிறுவனத்தின் கடிதம் ஒரு சான்று. கனமான சான்றுதான் என்றாலும், அதையே தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஆகவே முதலில் காரணத்தை எழுத்தில் பெறுங்கள். "அணுகுமுறை", "மனப்பாங்கு", "ஒத்துழைப்பின்மை" போன்ற சொற்களோடு திருப்தியடைந்துவிடாதீர்கள். எந்த நாளில் என்ன நடந்தது, அதை யார் பார்த்தார், அப்போது மாணவியிடம் என்ன சொல்லப்பட்டது என்ற மூன்றும் வேண்டும். மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இருக்காது. தாமதமாக வந்தார், அறிக்கை தரவில்லை என்றால் அதை யாரும் அப்படியே எழுதிவிடுவார்கள். அணுகுமுறை என்று எழுதுகிற இடத்தில் சில நேரம் பேச்சு வழக்கோ, குடும்பப் பின்னணியோ, எதிர்க்கேள்வி கேட்கும் பழக்கமோதான் உறுத்தலாக இருந்திருக்கும். மாணவியின் தரப்பையும் தனியே எழுதி வாங்குங்கள். இருவரையும் முதல் நாளிலேயே எதிரெதிரே உட்கார வைத்தால் மாணவி வாய் திறக்க மாட்டார்.

காரணம் தெளிந்த பிறகே எந்த வழியில் போவது என்பது தெரியும். மேற்பார்வையாளர் வேலையை விட்டுப் போனதாலோ, நிறுவனத்துக்கு வந்துகொண்டிருந்த நிதி நின்றதாலோ முடிந்துபோன களப்பணி மாணவரின் கணக்கில் சேரவே கூடாது. துன்புறுத்தல் குறித்துப் புகார் கொடுத்த சில நாட்களிலேயே "பொருந்தவில்லை" என்று கடிதம் வந்தால், விசாரிக்கப்பட வேண்டியது நிறுவனம்தான். உடல்நலமோ மாற்றுத்திறனோ காரணமாகச் சொல்லப்பட்டால், முன்கூட்டியே செய்துதர வேண்டிய ஏற்பாடுகள் செய்யப்பட்டனவா என்ற கேள்வி முதலில் வர வேண்டும். திறன் குறைவு என்றால் பயிற்சி. தெரிந்தே செய்த நெறிமீறல் என்றால் மறுஆய்வுக் குழு.

உங்கள் மாணவி கடைசி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். இது தொழில்முறை எல்லையை மீறிய செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் அதை மறைத்தாரா என்பதைப் பொறுத்தே அதன் எடை அமையும். நானாக இருந்தால் யாரிடமும் பேசுவதற்கு முன் அவருடைய வாராந்திரக் களப்பணி அறிக்கைகளை எடுத்துப் படிப்பேன். பயனாளி செய்தி அனுப்புகிறார் என்று அவரே எழுதி, அதன் கீழ் மேற்பார்வையாளர் படிக்காமலே கையெழுத்திட்டிருந்தால் விஷயமே வேறு.

அவரைத் தொடர அனுமதிப்பதாக முடிவானால், தொழில்நெறி குறித்துக் கட்டுரை எழுதி வரச் சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். இந்தத் தண்டனையைப் பல துறைகள் விரும்பிக் கொடுக்கின்றன. எல்லைகள் பற்றி அருமையாக எழுதத் தெரிந்தவர், இரவு பத்து மணிக்கு ஒருவர் "பேச வேண்டும்" என்று கெஞ்சும்போது நிதானமாக மறுக்கத் தெரிந்தவராக இருப்பார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அத்தகைய தருணங்களை வகுப்பில் நடித்துப் பயில வேண்டும். புதிய இடத்தில் அவருடைய நேர்காணல்களை ஒருவர் உடனிருந்து பார்க்க வேண்டும். எந்தத் தேதிக்குள் எந்த மாற்றம் தெரிய வேண்டும் என்பது மாணவி, துறை, நிறுவனம் என மூவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது இடத்திலும் இதே காரணத்துக்காக நீக்கப்பட்டால் படிப்பு முடிவுக்கு வரும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுவது நேர்மையானது. பல துறைகளில் இதுவே நடைமுறை.

பதில் 2: மருத்துவச் சமூகப்பணியாளர்

மாணவர்களை ஏற்று மேற்பார்வை செய்யும் தரப்பிலிருந்து எழுதுகிறேன். முன்னாள் துறைத்தலைவர் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் அந்த இரண்டு வரிக் கடிதம் ஏன் இரண்டு வரியோடு நின்றது என்பதையும் துறைகள் யோசிக்க வேண்டும். பெரும்பாலான மேற்பார்வையாளர்கள் தங்கள் வழக்கமான வேலைக்கு மேல், தனி ஊதியம் எதுவுமின்றி இந்தப் பொறுப்பைச் சுமக்கிறார்கள். விரிவாக எழுதினால் மாணவரின் குடும்பத்தார் சண்டைக்கு வருவார்களோ, வழக்கு என்று எதுவும் கிளம்புமோ என்ற அச்சமும் இருக்கிறது. எழுத்தில் காரணம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினால், அடுத்த ஆண்டு உங்கள் மாணவர்களே வேண்டாம் என்று சொல்லிவிடும் நிறுவனங்கள் உண்டு. நேரில் போய், அவர்கள் சொல்லச் சொல்ல நீங்களே எழுதி, படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்களில் பலர் எதிர்மறையான மதிப்பீட்டை எழுதத் தயங்கித் தள்ளிப்போடுகிறோம். இடைப்பருவ மதிப்பீட்டில் எல்லாக் கட்டங்களிலும் "நன்று" என்று குறித்துவிட்டு, அடுத்த மாதமே மாணவரை வெளியே அனுப்பினால் அந்த மதிப்பீட்டை யார் நம்புவார்கள்? துறையின் பொறுப்பாசிரியர் சிக்கல் வந்த பிறகே முதன்முறையாக நிறுவனத்துக்குள் கால் வைப்பதும் இதே அளவுக்குத் தவறானது.

சத்தமில்லாமல் இடம் மாற்றுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். முன்பு ஓர் இடத்தில் நீக்கப்பட்டவர் என்று சொல்லாமலே என்னிடம் ஒரு மாணவரை அனுப்பினார்கள். யாருக்கும் தெரிவிக்காமல் தனியாக நோயாளிகளின் வீட்டுக்குப் போய்விடுவது அவருடைய வழக்கம். முந்தைய நிறுவனத்தில் வந்த சிக்கலும் அதுவேதான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. முன்பே சொல்லியிருந்தால் நான் அவரை மறுத்திருக்க மாட்டேன். முதல் சில வாரங்கள் வீட்டுப் பார்வைகளுக்கு நானே உடன் சென்றிருப்பேன், அவ்வளவுதான்.

இந்த உரையாடலில் இதுவரை யாரும் கண்டுகொள்ளாத ஒருவர் இருக்கிறார். இரவில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த அந்தப் பயனாளிக்குத் திங்கட்கிழமை முதல் பதில் வராது. ஏன் என்று அவருக்கு யார் சொல்வது? மனநலச் சிகிச்சையில் இருப்பவருக்கு இப்படித் திடீரென்று அறுந்துபோகும் உறவு கூடுதல் பாதிப்பைத் தரலாம். நிறுவனம் ஒப்புக்கொண்டால் மேற்பார்வையாளர் முன்னிலையில் ஒரு விடைபெறும் சந்திப்புக்கு ஏற்பாடு செய்யுங்கள். அது உகந்ததல்ல என்று அவர்கள் கருதினால், மேற்பார்வையாளர் திருத்திக் கொடுத்த சிறிய கடிதமாவது போய்ச்சேர வேண்டும். அதுவரை மாணவி தம் கைபேசியிலிருந்து எதுவும் அனுப்பாமல் இருக்கட்டும். வந்த செய்திகளை அழிக்காமலும் இருக்கட்டும்.

பதில் 3: பாடத்திட்டக் குழு உறுப்பினர்

மணி நேரக் கணக்கு பற்றிய கேள்விக்கு யாரும் இன்னும் பதில் தரவில்லை. அமெரிக்காவின் சமூகப்பணிக் கல்விக் குழு இளநிலைக்குக் குறைந்தது 400 மணி, முதுநிலைக்கு 900 மணி களப்பணி கேட்கிறது. ஆஸ்திரேலியாவில் 1000 மணி. இங்கிலாந்தில் மணிக்குப் பதிலாக நாட்கணக்கு: திறன் பயிற்சி நாட்களையும் சேர்த்து 200 நாட்கள். எங்கிருந்தாலும் உங்கள் அங்கீகார அமைப்பு விதித்திருக்கும் குறைந்தபட்ச அளவைத் துறை தன் விருப்பப்படி குறைக்க முடியாது. ஆனால் நீக்கத்துக்கு முன் செய்த மணிகளை ஏற்பதா என்பதைத் துறையே தீர்மானிக்க வேண்டியிருக்கும். மாணவர் காரணமாக இல்லாமல் முடிந்த களப்பணி என்றால் முழுவதையும் ஏற்றுக்கொள்ளலாம். மாணவர் நடத்தையால் முடிந்தது என்றால், மேற்பார்வையாளர் திருப்திகரம் என்று சான்றளித்த பகுதியை மட்டும் ஏற்பது என் பரிந்துரை. முழுவதையும் தள்ளுபடி செய்யும் துறைகளும் உண்டு. அது எனக்குத் தண்டனையாகத்தான் தெரிகிறது.

படிப்பைவிட்டே நீக்குவது குறித்து ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978இல் தீர்ப்பளித்த, மிசூரிப் பல்கலைக்கழகத்துக்கும் ஹோரோவிட்ஸ் என்ற மருத்துவ மாணவிக்கும் இடையிலான வழக்கு அது. தேர்வுகளில் சிறந்து விளங்கிய மாணவி, நோயாளிகளிடமும் சக மாணவர்களிடமும் பழகும் முறை, நேரந்தவறாமை, தூய்மை ஆகியவற்றில் குறைபாடுடையவர் என்று மருத்துவப் பயிற்சியின்போது மதிப்பிடப்பட்டார். பல்கலைக்கழகம் அவரை எடுத்த எடுப்பில் வெளியேற்றவில்லை. முதலில் எச்சரித்து நிபந்தனையின் பேரில் தொடர விட்டது. பின்பு அப்பகுதியில் தொழில்புரிந்த மருத்துவர்கள் 7 பேரிடம் அனுப்பித் தனித்தனியே மதிப்பிடச் செய்தது. அவர்களில் 2 பேர் பட்டம் வழங்கலாம் என்றார்கள்; 2 பேர் உடனே நீக்க வேண்டும் என்றார்கள்; மற்ற 3 பேர் உரிய காலத்தில் பட்டம் தர வேண்டாம், நிபந்தனையோடு தொடரட்டும் என்றார்கள். இறுதியில் அவர் நீக்கப்பட்டார். நீதிமன்றம், இது கல்வி சார்ந்த மதிப்பீடு என்பதால் முறையான விசாரணை தேவையில்லை என்றும், குறைகள் முன்பே தெரிவிக்கப்பட்டு முடிவு கவனமாக ஆராய்ந்து எடுக்கப்பட்டதே போதும் என்றும் சொன்னது. ஒழுங்கு நடவடிக்கைக்கு அளவுகோல் இதைவிடக் கடுமையானது. குற்றச்சாட்டைத் தெரிவித்து, மாணவர் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்று 1975இல் ஒரு பள்ளி வழக்கில் அதே நீதிமன்றம் கூறியிருந்தது.

இது வேறு நாடுகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் அல்ல. ஆனால் எந்தத் துறையும் தன்னைக் கேட்டுக்கொள்ளத் தக்க இரண்டு கேள்விகள் இதில் இருக்கின்றன: முன்னரே சொன்னோமா? ஆராய்ந்து முடிவெடுத்தோமா? உங்கள் மாணவி விஷயத்தில் முதல் கேள்விக்கு இப்போது இல்லை என்பதே பதில். ஆகவே இந்தப் பருவத்துக்குத் தோல்வி என்று பதியாமல் "நிறைவுறவில்லை" என்று பதிந்து, மறுஆய்வுக் குழுவைக் கூட்டுங்கள். குழுவில் நீங்கள் விவரங்களை முன்வைக்கலாம், வாக்களிக்க வேண்டாம். மேல்முறையீடு யாரிடம் என்பதையும் மாணவிக்கு எழுத்தில் கொடுங்கள். கையேட்டைத் திருத்தும் வேலையை இந்த மாணவியின் விஷயம் முடிந்த பிறகு தொடங்குங்கள். நடுவில் எழுதப்படும் விதி இவரைக் குறிவைத்து எழுதியதாகவே பார்க்கப்படும்.

கேள்வி கேட்டவர்: புதிய ஒருங்கிணைப்பாளர்

மூவருக்கும் மிக்க நன்றி. அறிக்கைகளைப் படித்தேன். பயனாளி தம் எண்ணுக்குச் செய்தி அனுப்பத் தொடங்கியிருப்பதாக மாணவி ஓர் அறிக்கையில் எழுதியிருக்கிறார்; கீழே மேற்பார்வையாளரின் கையெழுத்தும் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிந்தைய வாரங்களில், இரவில் பதில் அனுப்பியது பற்றி ஒரு சொல்லும் இல்லை. முழுவதும் மறைத்தார் என்றும் சொல்ல முடியவில்லை, முழுவதும் சொன்னார் என்றும் சொல்ல முடியவில்லை. இரண்டு பக்கங்களையும் அப்படியே குழுவின் முன் வைக்கப்போகிறேன். நேரில் சென்றதில் நிறுவனமும் ஒரு பக்க அறிக்கை தர இசைந்திருக்கிறது. குழு தொடர அனுமதித்தால், புதிய நிறுவனத்திடம் தாமே எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா என்று மாணவி கேட்கிறார்.

பதில் 4: மருத்துவச் சமூகப்பணியாளர்

அவரே சொல்வதுதான் நல்லது, ஆனால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. முந்தைய களப்பணி ஏன் நடுவில் முடிந்தது, அதிலிருந்து எதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதற்கு எத்தகைய மேற்பார்வை தேவை என்பவற்றை அவர் ஒரு பத்தியில் எழுதட்டும். உண்மைக்கு மாறாக ஏதும் இல்லை என்பதை மட்டும் நீங்கள் சரிபார்த்து, அவருடைய ஒப்புதலோடு அனுப்புங்கள். உடல்நலம், குடும்பம், முந்தைய பயனாளியின் விவரம் எதுவும் அதில் வரக் கூடாது. ஒப்புதல் தர மறுத்தால் புதிய இடம் ஏற்பாடு செய்ய இயலாது என்பதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். அத்துடன், பயனாளிகளுக்குக் கொடுக்க மாணவர்களுக்கென்று ஓர் அலுவலக எண் இருக்கிறதா என்று அந்த நிறுவனத்தைக் கேளுங்கள். இல்லாவிட்டால் பயனாளிகள் மறுபடியும் அவருடைய சொந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.