முதல் மேசைக்கணினி: இந்தப் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்துமா?

காவிரிக்கரையான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். இதுவரை மடிக்கணினியிலேயே வேலை செய்துவந்த நான், முதன்முறையாகப் பாகங்களைத் தனித்தனியே வாங்கி ஒரு மேசைக்கணினியை அமைத்துக்கொள்ள விரும்புகிறேன். பள்ளி மாணவர்களுக்கான கணிதப் பாடங்களைக் கைப்பேசியில் படம்பிடித்துத் தொகுப்பதும், முப்பரிமாண உருவங்களை உருவாக்கும் பிளெண்டர் மென்பொருளைக் கற்றுக்கொள்வதுமே முதன்மையான வேலைகள். விளையாட்டு எப்போதாவதுதான்.

ரைசன் 5 7500எஃப் பிராசசர், பி650 சிப்செட் கொண்ட மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவு மதர்போர்டு (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகை), கோப்புகளைச் சேமிக்க 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 500 வாட் என்று அச்சிடப்பட்ட எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி), பக்கவாட்டில் கண்ணாடி உள்ள ஒரு கேபினெட் ஆகியவற்றை இந்த மாதம் வாங்கிவிட எண்ணியுள்ளேன். சித்தப்பா மகன் தன் பழைய கணினியிலிருந்து எடுத்துக் கொடுத்த 8 ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டு கையில் இருப்பதால், ராமுக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் நான்கைந்து மாதங்கள் கழித்து வாங்குவேன். அது ஆர்டிஎக்ஸ் 5060 ஆக இருக்கும்.

கடையில் கேட்டபோது, எல்லாம் பொருந்தும், கவலைப்படாமல் எடுத்துச் செல்லுங்கள் என்றார்கள். இருந்தாலும் பணத்தைக் கட்டுவதற்கு முன் விவரம் அறிந்தவர்கள் ஒருமுறை பார்த்துச் சொன்னால் நிம்மதியாக இருக்கும்.

மதுரைவாசி எழுதியது:

வணக்கம் நண்பரே. பணம் கட்டுவதற்கு முன் கேட்டீர்கள், நல்லது. இந்தப் பட்டியலை அப்படியே வாங்கினால் உங்கள் கணினி இயங்காது. அதற்குக் காரணம் இரண்டு.

முதலாவது ராம். பி650 போர்டில் உள்ள ஏஎம்5 சாக்கெட் (பிராசசரைப் பொருத்தும் இடம்) 2022 செப்டம்பரில் வெளிவந்த நாளிலிருந்தே டிடிஆர்5 ராமை மட்டும்தான் ஏற்கிறது. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டும் ஒரே நீளம், இரண்டிலும் 288 பின்கள் என்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் வேறுபாடு தெரியாது. அடிவிளிம்பில் உள்ள வெட்டை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் அது சற்று இடம் மாறியிருப்பது புலப்படும். அந்த வெட்டு சும்மா வைக்கப்பட்டதன்று. டிடிஆர்4-க்கு வேண்டிய 1.2 வோல்ட்டை மதர்போர்டே சீராக்கித் தருகிறது. டிடிஆர்5-இலோ அந்த வேலையைச் செய்யும் சில்லு ராமின் மேலேயே அமர்ந்திருக்கிறது. ஆகவே எந்த மாற்றுக்கருவியைக் கொண்டும் இதைச் சரிக்கட்ட முடியாது. உட்காரவில்லையே என்று அழுத்திப் பார்த்தால் ஸ்லாட் விரிசல் விட்டு போர்டே வீணாகிவிடும்.

இரண்டாவது, பிராசசரின் பெயரில் கடைசியாக நிற்கும் எஃப். அந்த எழுத்து இருந்தால் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது என்று பொருள். போர்டின் பின்புறம் எச்டிஎம்ஐ துளை இருக்கத்தான் செய்யும், ஆனால் அதிலிருந்து படம் வராது. நீங்கள் கார்டைப் பிறகு வாங்குவதாகச் சொல்வதால், நான்கைந்து மாதங்களுக்குக் கறுப்புத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக ரைசன் 5 7600 வாங்குங்கள். அதில் சிறிய அளவிலான கிராஃபிக்ஸ் உள்ளது; பெட்டியிலேயே கூலரும் வருகிறது. கார்டு வரும்வரை வீடியோ தொகுப்புக்கு அது தாங்கும், பிளெண்டரில் மட்டும் பொறுமை வேண்டும்.

முதன்முறை வாங்குபவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்று உண்டு. பொருந்துமா என்று கடைக்காரரிடம் கேட்காதீர்கள். போர்டின் முழு மாடல் பெயரைக் கேட்டு வாங்கி, தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கான ஆதரவுப் பட்டியலைத் திறந்து பாருங்கள். உங்கள் பிராசசருக்கு எதிரே எந்த பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) பதிப்பு வேண்டும் என்பது அங்கே எழுதப்பட்டிருக்கும். பி650 போர்டுகள் 2022-இலேயே வந்துவிட்டன, ரைசன் 9000 வரிசை வந்தது 2024-இல். கடை அலமாரியில் நீண்ட நாள் கிடந்த போர்டில் புதிய பிராசசரைப் பொருத்தினால் சாக்கெட் சரியாக இருந்தும் கணினி உயிர்பெறாமல் போவதற்கு இதுவே காரணம். 7600-க்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனாலும் பிராசசர் இல்லாமலேயே பென் டிரைவ் மூலம் பயாஸைப் புதுப்பிக்க உதவும் பொத்தான் பின்புறத்தில் உள்ள போர்டையே தேர்ந்தெடுங்கள். பின்னாளில் பிராசசரை மாற்றும்போது அதன் அருமை தெரியும்.

நொய்யல் எழுதியது:

மதுரைவாசி சொன்ன இரண்டு காரணங்களும் சரியானவை. ஆனால் கையில் இருக்கும் ராமைப் பயன்படுத்துவதுதான் நோக்கம் என்றால், ராமை மாற்றுவதைவிட பிராசசரையும் போர்டையும் மாற்றுவது சிக்கனமான வழி என்று எனக்குத் தோன்றுகிறது. 2025 இறுதியிலிருந்து ராம் விலை ஏறியிருக்கும் விதத்தைப் பார்த்தால், கையில் உள்ள 16 ஜிபியை ஒதுக்கிவைக்க மனம் வரவில்லை.

இன்டெல் கோர் ஐ5 12400 பிராசசரை எடுத்துக்கொண்டு, அதற்கேற்ற எல்ஜிஏ 1700 சாக்கெட் உள்ள பி760 போர்டை வாங்கலாம். இந்த சாக்கெட்டுக்கு டிடிஆர்4 போர்டுகளும் உண்டு, டிடிஆர்5 போர்டுகளும் உண்டு. பல மாடல்களின் பெயரில் டி4 என்ற ஒட்டைத் தவிர வேறு வேறுபாடு இருக்காது என்பதால், பில் போடும்போது அதைக் கவனித்துப் படியுங்கள். 12400-இல் உள்ளமைந்த கிராஃபிக்ஸும் பெட்டியிலேயே கூலரும் உண்டு. அதிலுள்ள குவிக் சிங்க் வசதி, கைப்பேசி வீடியோக்களைத் தொகுப்பில் இழுத்துப் பார்க்கும்போது திணறாமல் ஓடச்செய்யும். பெயரின் கடைசியில் எஃப் உள்ளதை வாங்கினால் இங்கும் அதே கறுப்புத் திரைதான்.

இதன் குறையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 14-ஆம் தலைமுறையோடு அந்த சாக்கெட்டின் காலம் முடிந்துவிட்டது. அடுத்த வரிசை எல்ஜிஏ 1851-க்குப் போய்விட்டது. ஏஎம்5 சாக்கெட்டையோ 2027-க்குப் பிறகும் ஆதரிப்பதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. நாலைந்து ஆண்டுகளில் பிராசசரை மட்டும் மாற்றும் எண்ணம் இருந்தால் மதுரைவாசியின் வழியே சிறந்தது.

ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள்: அந்தப் பழைய கணினி மேசைக்கணினிதானா? மடிக்கணினியின் ராம் ஏறத்தாழப் பாதி நீளமே இருக்கும். அது இந்த இரண்டு வழிகளில் எதிலும் உதவாது.

பழுதுநீக்குநர் எழுதியது:

பிராசசர், ராம் பற்றி நண்பர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கவலை தருவது எஸ்எம்பிஎஸ். பழுதாகி என்னிடம் வரும் கணினிகளில், பணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று இந்த ஒரு பாகத்தில் கைவைத்தவர்களின் கணினிகளே அதிகம்.

அட்டைப்பெட்டியில் உள்ள 500 என்ற எண்ணைப் பார்க்காதீர்கள்; எஸ்எம்பிஎஸ்ஸின் உடலில் ஒட்டியுள்ள லேபிளில் 12 வோல்ட் என்ற வரியைத் தேடி, அதில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசசரும் கார்டும் அந்த 12 வோல்ட்டிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. அங்கே 25 ஆம்பியர் என்று இருந்தால், பெருக்கினால் கிடைப்பது 300 வாட் மட்டுமே. மீதியெல்லாம் வெறும் எழுத்து. ஆர்டிஎக்ஸ் 5060 145 வாட் எடுக்கும். 7600 முழு வேகத்தில் 88 வாட். போர்டு, எஸ்எஸ்டி, விசிறிகளுக்கு ஓர் ஐம்பது வைத்துக்கொண்டாலும் மொத்தம் 300-க்குள் அடங்கிவிடும். ஆனால் கார்டு நொடிப்பொழுதுகளில் கணக்கை மீறி இழுக்கும் என்பதால்தான் என்விடியா 550 வாட் பரிந்துரைக்கிறது. மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான 80 பிளஸ் பிரான்ஸ் சான்று பெற்ற, 12 வோல்ட்டில் 45 ஆம்பியர் அளவுக்குத் தரக்கூடிய 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றை வாங்குங்கள். வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸின் கழற்றக்கூடிய கேபிள் இதிலும் பொருந்துகிறதே என்று ஒருபோதும் மாட்டாதீர்கள். முனை ஒன்றாக இருந்தாலும் உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கும். செருகிய மறுகணம் எஸ்எஸ்டி கருகிவிடலாம்.

யுபிஎஸ் வைத்திருக்கிறீர்களா? 600 விஏ என்று விற்பவற்றில் பல 360 வாட்தான் தாங்கும். உங்கள் கணினிக்கும் மானிட்டருக்கும் சேர்த்து அது மிக நெருக்கமான அளவு. கார்டு வாங்கியதும் 1000 விஏ பக்கம் போவது நல்லது.

கேபினெட்டில் பார்க்க வேண்டியவை மூன்று: எந்த அளவு போர்டு உட்காரும், எவ்வளவு நீளமான கார்டு நுழையும், கூலருக்கு எவ்வளவு உயரம் இடம் இருக்கிறது. மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு 244 மில்லிமீட்டர் சதுரம் என்பதால் சிக்கல் வராது. கார்டின் நீளம் மட்டும் ஒரே 5060-இலேயே தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். மூன்று விசிறி மாடல்கள் 300 மில்லிமீட்டரைத் தொடக்கூடியவை. முன்பக்கம் முழுவதும் கண்ணாடியாக உள்ள கேபினெட் அழகாக இருக்கலாம், ஆனால் நம் ஊர் சித்திரை வெயிலில் அது காற்றை அடைத்துவிடும். வலைக்கண் முகப்பு உள்ளதையே வாங்குங்கள்.

காவிரிக்கரையான் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ராம் மேசைக்கணினியுடையதுதான், 2666 வேகம். நீண்ட நாள் பயன்பாட்டை நினைத்து ரைசன் 7600-உடன் ஏஎம்5 வழியிலேயே போகிறேன். பழைய ராமைத் தம்பியிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன். எஸ்எம்பிஎஸ், கேபினெட் இரண்டையும் மாற்றிவிட்டேன். இப்போது ஒரு 16 ஜிபி டிடிஆர்5 மட்டும் வாங்கி, இன்னொன்றைப் பிறகு சேர்க்கலாமா?

மதுரைவாசி எழுதியது:

சேர்க்கலாம், இயங்கும். ஆனால் ஒற்றை ராமில் ஒரு சேனல் (ராமுக்கும் பிராசசருக்கும் இடையே தரவு செல்லும் பாதை) மட்டுமே வேலை செய்வதால், உள்ளமைந்த கிராஃபிக்ஸை நம்பியிருக்கும் இந்த மாதங்களில்தான் உங்களுக்கு அதன் மந்தம் மிகுதியாகத் தெரியும். இரண்டாவதை வாங்கும்போது அதே மாடலாக இருந்தாலும், ஜோடியாகச் சோதித்து விற்கப்படும் கிட்டைப்போல 6000 வேகத்தில் நிற்கும் என்பதற்கு உறுதி இல்லை. முடிந்தால் எஸ்எஸ்டியை 500 ஜிபியாகக் குறைத்துக்கொண்டு, எக்ஸ்போ (ராமை அதில் குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆதரவுள்ள 16 ஜிபி இரண்டு கொண்ட 6000 கிட்டை இப்போதே வாங்குங்கள். எஸ்எஸ்டியைப் பின்னால் கூட்டுவது எளிது. நான்கு ஸ்லாட் உள்ள போர்டானால், பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் பொருத்துங்கள். முதன்முறை கணினியை இயக்கியதும் போர்டு ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும், விசிறிகள் மட்டும் சுழலும். பதறிப்போய் மின்சாரத்தை நிறுத்திவிடாதீர்கள். திரை வந்தபின் பயாஸுக்குள் சென்று எக்ஸ்போவை இயக்கினால்தான் 6000 வேகம் கிடைக்கும். இல்லாவிட்டால் அது 4800 போன்ற அடிப்படை வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.