தண்ணி வர்றதுக்கு முன்னாடி ஆத்து மணல்ல நாயை அவுத்துவிட்டவங்க, நடந்ததைச் சொல்லுங்க

திருவையாத்துக்காரன்:

நம்ம பக்கம் நாய்ப் பூங்கா எல்லாம் கிடையாது. இருக்கறது ஆறுதான். வழக்கமா ஜனவரி 28-ல மேட்டூரை மூடுவாங்க, ஜூன் 12-ல திறப்பாங்க. நடுவுல இருக்கற மாசங்கள்ல காவிரி முழுக்க மணல். நம்ம வெள்ளையன் சிப்பிப்பாறைக் கலப்பு, ரெண்டு வயசு. முயல் விரட்டப் பொறந்த சாதியைத் தெருவுல கயித்தைப் புடிச்சு நடத்தினா அதுக்கும் நிம்மதி இல்ல, நமக்கும் தோள்பட்டை மிச்சமில்ல. மாசி மாசம், விடியக்காலம் அஞ்சே முக்காலுக்குப் புஷ்ய மண்டபப் படித்துறை வழியா இறங்கி அவுத்துவிட ஆரம்பிச்சேன்.

ஒரு வாரம் சொர்க்கம். வட்டம் வட்டமா ஓடுவான், கூப்பிட்டா வருவான். வருவான்னு நானா நினைச்சுக்கிட்டேன், அதுதான் உண்மை. அதுவரைக்கும் என்னைவிடச் சுவாரசியமா அவன் கண்ணுல எதுவும் படல.

ரெண்டாவது வாரம் பட்டுச்சு. அறுவடை முடிஞ்ச வயல்ல கிடை போட ராமநாதபுரம் பக்கத்துலேருந்து வந்த ஆடுங்க, எரநூறு இருக்கும், ஆத்தைக் குறுக்கால கடந்துக்கிட்டிருந்துச்சு. இவன் விளையாட்டாத்தான் ஓடினான். ஆட்டுக்கு அது தெரியுமா? நாலா பக்கமும் சிதறிடுச்சு. நான் "ஒண்ணும் பண்ணாது, ஒண்ணும் பண்ணாது"ன்னு கத்திக்கிட்டே பின்னாடி ஓடறேன். கீதாரி, அதான் ஆட்டுக்கிடைக்காரர், வயசானவர், நின்ன எடத்துலேருந்தே சொன்னார்: "தம்பி, ஒங்க நாய் ஒண்ணும் பண்ணாதுய்யா. எங்க நாய் பண்ணுமே."

சொல்லி வாய மூடல, கிடை நாய் ரெண்டு வந்துடுச்சு.

நான் கழுத்துப்பட்டையைப் புடிக்கக் குனிஞ்சேன். தப்பு. கையில பல்லு பட்டது எந்த நாயோடதுன்னு இன்னிவரைக்கும் தெரியாது. கீதாரி தன் நாய்ங்களை ஒரு சீழ்க்கையில நிறுத்திட்டு, என்னைப் பாத்து, "தொரத்தாதீங்க, திரும்பி நடங்க. நீங்க ஓடினா அதுக்கு வெளையாட்டு"ன்னார். படித்துறையைப் பாத்து நடந்தேன். பத்து அடியில வெள்ளையன் காதுல ரத்தத்தோட பக்கத்துல வந்து நின்னான்.

பம்புசெட்டுல சோப்புப் போட்டு என் கையையும் அவன் காதையும் கால் மணி நேரம் கழுவினேன். அவனுக்கு வெறிநாய்த் தடுப்பூசி வருஷா வருஷம் போட்டிருந்தாலும், மாட்டாஸ்பத்திரியில மறுபடி ஒரு ஊசி போட்டாங்க. எனக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துல அன்னிக்கு ஒண்ணு, அப்புறம் 3, 7, 28-ஆம் நாள். "நம்ம நாய்தானே கடிச்சிருக்கும்"னு விட்டுடாதீங்க.

ஒரத்தநாட்டு அக்கா:

ஆறாவது பரவால்ல தம்பி. நாங்க தரிசு வயல்ல விட்டோம். எங்க மீனா லாப்ரடார், மூக்குதான் அவளுக்குக் கண்ணு. வரப்புல எலிக்கிட்டி வச்சிருந்தது எனக்குத் தெரியல. அதான், வளைச்ச மூங்கிலும் கயிறுமா, நம்ம தஞ்சாவூர்க் கிட்டி. சாயங்காலம் வச்சுட்டு விடியக்காலம்தான் எடுப்பாங்க, நாம போறதும் அந்த நேரம்தான். முன்னங்காலு மாட்டிக்கிச்சு. அவ போட்ட சத்தத்துக்கு நான் அழுதுட்டேன்.

கிட்டி வைக்கிறவரே ஓடி வந்து விடுவிச்சார். காலு வீங்கினதோட போச்சு, எலும்பு முறியல. "அம்மா, கிட்டியில மாட்டினா சத்தம் போடும், ஒங்களுக்குத் தெரியும். மருந்து வச்ச வயல்ல இது கூடக் கேக்காது"ன்னார். அதுக்கப்புறம்தான் பயமே வந்துச்சு. எலிக்கு வைக்கிற துத்தநாக பாஸ்பைடுக்கு மாத்து மருந்து கிடையாதுங்கறாங்க டாக்டர். இப்ப எந்த வயல்ல இறங்கறதா இருந்தாலும் வயக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான். பயறு தெளிச்சிருந்தா அதுவும் இல்ல. நம்ம நாய்க்கு ஓட்டம், அவங்களுக்கு வெள்ளாமை.

கொள்ளிடக்கரை:

மணல் அள்ளின குழியைப் பாத்து விடுங்க. மேல காஞ்சிருக்கும், உள்ள ஆள் முழுகும். எங்க நாய் நீந்தி வந்துடுச்சு, காப்பாத்தறேன்னு இறங்கின என் மச்சானைத்தான் தூக்க வேண்டியதாப் போச்சு.

மன்னார்குடி, இப்ப சிங்கப்பூர்:

இங்க பீஷான் பூங்காவுல நாய்ங்களுக்குன்னே வேலி போட்ட எடம் இருக்கு. வெளியில பொது எடத்துல கயிறு கட்டாயம், வேலிக்குள்ளதான் அவுக்கலாம். எங்ககிட்ட இருக்கறது 'சிங்கப்பூர் ஸ்பெஷல்'. பேரைக் கேட்டு மிரளாதீங்க, நம்ம ஊரு தெருநாய்தான், கடல் தாண்டினதும் பட்டம் வாங்கிடுச்சு.

முதல் நாள் பயத்துல உள்ள போயும் கயித்தை அவுக்காமப் புடிச்சிருந்தேன். நாலு நாய் மோந்து பாக்க வந்ததும் இது உறுமி மேல பாய்ஞ்சிடுச்சு. பக்கத்துல ஒரு சீனப் பாட்டி, "கட்டிப்போட்டா அது எங்க ஒதுங்கும்? அதான் சண்டைக்கு வருது"ன்னு சொல்லி அவுக்கச் சொன்னாங்க. அவுத்ததும் ஒதுங்கிப் போய் வேலியோரம் மோந்துக்கிட்டு நின்னுச்சு, அவ்வளவுதான். மத்த நாய்ங்க அவுந்து திரியற எடத்துல நம்மளது மட்டும் கயித்துல இருக்கக் கூடாது. அதனாலதான் இந்த மாதிரி எடங்கள்ல ரெண்டு கதவு வைக்கறாங்க. முதல் கதவைச் சாத்திட்டு நடுவுல அவுக்கணும், அப்புறம் ரெண்டாவது கதவு. பல எடத்துல சின்ன நாய்க்குத் தனி வேலி. பந்து, பிஸ்கட்டு எடுத்துட்டுப் போனா சண்டையை நாமளே பையில கொண்டு போறோம்னு அர்த்தம்.

ஊருக்கு வந்தப்ப அப்பா வளக்கற நாயைக் கயித்துல கட்டி வாய்க்கா வரைக்கும் கூட்டிப்போனேன். பெரியம்மா திண்ணையிலேருந்து, "ஏண்டா, அது என்ன கன்னுக்குட்டியா?"ன்னாங்க. நாலு வீட்டு நாய் சுத்தி நின்னு குரைச்சதுல, அதுக்கு அன்னிக்குத்தான் தன் தெருவுலயே மானம் போச்சு.

திருவையாத்துக்காரன்:

கயிறு விஷயம் எனக்குப் புதுசு அண்ணே. ஆனா மணல்ல ரெண்டாவது கதவு ஏது? நான் செஞ்சது வேற. முப்பது அடி நைலான் கயித்தைக் கட்டி, பின்னாடி இழுத்துக்கிட்டு ஓடவிட்டேன். ஓடறதுக்கு ஓட்டமும் ஆச்சு, மிதிச்சா நிக்கவும் நிப்பான். ஆடு தூரத்துல தெரியறப்ப கூப்பிட்டு, வந்தா வேகவச்ச ஈரல் ஒரு துண்டு. மத்த நாய் இல்லாதப்ப மட்டும். ரெண்டு மாசம் ஆச்சு, அவன் ஆட்டைப் பாத்துட்டு என்னைத் திரும்பிப் பாக்கறதுக்கு. கீதாரிகிட்ட காட்டணும்னு போனேன். கிடை அடுத்த ஊருக்குப் போயிடுச்சுன்னாங்க.

2025-ல மேட்டூர் ஜூன் 12-லயே திறந்தாச்சு, 15-ல கல்லணை. தண்ணி நம்ம படித்துறைக்கு வந்த அன்னிக்கும் வழக்கம்போல அஞ்சே முக்காலுக்கு இழுத்துட்டு வந்தான். கடைசிப் படியில நின்னு தண்ணியைப் பாத்துக் குரைச்சான். அப்புறம் என்னைப் பாத்துக் குரைச்சான்.

திருவையாறு, கண்டியூர் பக்கம் வேலி போட்ட தென்னந்தோப்பு யாருக்காவது இருந்தா சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை காலையில ஒரு மணி நேரம் போதும். வேலியில பொத்தல் இருந்தா நானே அடைச்சுத் தர்றேன், அவன் கழிஞ்சதை அள்ளிட்டுப் போறதும் என் பொறுப்பு.