சாலையோரத்தில் மனநலம் குன்றியவர்: காவல்துறையை அழைப்பதா, ஆம்புலன்ஸை அழைப்பதா?

கேள்வி – வால்டாக்ஸ் சாலைக் கடைக்காரர்

சென்னை சென்ட்ரலுக்கு அருகே, எங்கள் கடைக்கு எதிர்ப்புற நடைபாதையில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மூன்று வாரங்களாகத் தங்கியிருக்கிறார். தமக்குள்ளேயே பேசிக்கொள்கிறார், கொடுக்கும் சாப்பாட்டைச் சில நாள் வாங்கிக்கொள்வார், சில நாள் தள்ளிவிடுவார். இப்போது அவருடைய இடது காலில் உள்ள புண்ணில் ஈ மொய்க்கிறது. ஆம்புலன்ஸை அழைத்தோம், அவர் ஏற மறுத்ததால் வந்தவர்கள் திரும்பிவிட்டார்கள். காவல் நிலையத்தில் சொன்னால் விரட்டிவிடுவார்களோ என்று தயங்குகிறோம். சட்டப்படி இது யாருடைய பொறுப்பு?

பதில் 1 – வழக்கறிஞர்

முதற்பொறுப்பு காவல் நிலைய அதிகாரியுடையது. மனநோய் உடையவர் என்று நம்பக் காரணம் இருந்து, தம்மைத் தாமே கவனித்துக்கொள்ள இயலாமல் அலைகிற ஒருவரைப் பாதுகாப்பில் எடுத்துக்கொள்வது, மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 100-ஆம் பிரிவின்படி அவருடைய கடமையாகும். எதற்காக அழைத்துச் செல்கிறோம் என்பதை அந்த நபரிடமே சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள பொது மருத்துவ நிறுவனத்தில் மதிப்பீட்டுக்கு ஒப்படைக்க வேண்டும். லாக்கப்பில் வைக்கவே கூடாது. வீடற்றவராக இருந்தால், காணாமற்போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேடுவதும் அதே பிரிவில் உள்ள கடமைதான். எனவே தயங்காமல் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். பிரிவு எண்ணையும் அதில் குறிப்பிடுங்கள்.

பதில் 2 – ஓய்வுபெற்ற செவிலியர்

சட்டம் சரி, ஆனால் காவலர் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன பின் வரும் முதல் இரவில்தான் எல்லாம் கெட்டுப்போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். புண் உள்ள ஒருவரை மனநலப் பிரிவு ஏற்கத் தயங்கும். மனக்குழப்பம் உள்ள ஒருவரை அறுவைப் பிரிவு ஏற்கத் தயங்கும். கூட இருக்க ஆள் இல்லாததால், விடிவதற்குள் அவர் ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிக்கொண்டு வெளியேறியிருப்பார். ஆகவே, காலுக்குச் சிகிச்சையும் மனநல ஆலோசனையும் ஒரே மருத்துவமனையில் நடக்க வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். அழைத்துச் செல்லும்போது அவருடைய மூட்டையையும் கூடவே எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். அதை அவரிடமிருந்து பிரித்தால் வரமாட்டார். அவருக்கு இருப்பது அது ஒன்றுதான்.

பதில் 3 – தன்னார்வலர்

சென்னைப் பெருநகரக் காவல்துறை 2021-இல் தொடங்கிய ‘காவல் கரங்கள்’ இதற்கென்றே உள்ளது. மாநகராட்சியோடும் தொண்டு நிறுவனங்களோடும் சேர்ந்து சாலையோரத்தில் தவிப்பவர்களை மீட்டுக் காப்பகங்களில் சேர்க்கிறார்கள். உள்ளூர் நிலையத்தில் புகார் கொடுக்கும்போதே இவர்களுக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். சீருடையைக் கண்டதும் பலர் மிரள்வார்கள். அவருக்குத் தினமும் சாப்பாடு கொடுக்கும் நீங்கள் அந்த நேரத்தில் பக்கத்தில் நின்றால், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நாளைக் காலை புகாரோடு நிலையத்துக்குச் செல்கிறேன். முதல் இரவு மருத்துவமனையில் கூட இருக்க, எங்கள் கடைப் பையனும் நானும் முறைவைத்துக்கொள்வதாகப் பேசியிருக்கிறோம். மூட்டையைப் பற்றி நீங்கள் சொல்லியிராவிட்டால், அழுக்கென்று நாங்களே அதைத் தூக்கியெறிந்திருப்போம்.